மூடியில் எழுதிய பெயர்

பெர்கன் நகரில் மழை பெய்யாத நாளில்தான் வானிலையைப் பற்றிப் பேசுவார்கள். என்னிடம் அதைப் பேசக்கூட ஆள் கிடையாது. ஆய்வுக்கூடத்தின் கீழ்த்தளத்தில், நுண்ணோக்கி அறையில், இருபத்தாறு வருடமாகச் செல்களுக்குத் தீனி போட்டுக்கொண்டிருக்கிறேன்.

தீனியை நிறுத்தினால் செல் பேசாமல் சாகாது. தனக்குள் இருக்கும் பழைய பாகங்களைச் சின்னப் பைகளில் கட்டிக் கரைத்து, அதையே தின்று தாக்குப்பிடிக்கும். அந்தப் பைகள் பச்சைப் புள்ளிகளாக ஒளிரும்படி செய்திருக்கிறோம். ஒரு நாள் எல்லாம் தலைகீழாகத் தெரிந்தது. வயிறு நிறைந்த செல்களில் புள்ளிகள்; பட்டினி கிடந்தவற்றில் ஒன்றுமில்லை. எங்கள் துறையில் யாரும் பார்க்காத சங்கதி. அன்றிலிருந்து, மாடியிலிருக்கும் விஞ்ஞானி ஹால்வார் தினமும் பதினோரு மணிக்கு இரண்டு கோப்பை காபியோடு இறங்கி வந்தார். படங்களைப் பார்ப்பார். பிறகு தன் ஓட்டைப் படகைப் பற்றிப் பேசுவார். எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

மறுபடி செய்து பார்த்தேன். பட்டினி கிடந்தவைதான் ஒளிர்ந்தன. மூன்றாம் முறையும் அப்படியே. முதலில் செல் வளர்த்த பழைய தட்டுகளை எடுத்துப் பார்த்தேன். பெயரைத் தட்டில் எழுதாமல் மூடியில் எழுதியிருந்தேன். மூடியைத் திறந்து செல்களைக் கழுவும்போது மூடிகள் மாறியிருக்கின்றன. புதிதாக வருகிறவர்களுக்கு முதல் நாளே நான் சொல்லும் எச்சரிக்கை அது.

சொன்னால் அவர் வரமாட்டார். “மறுபடி போட்ட செல் இன்னும் வளரல” என்று எட்டு நாள் பொய் சொன்னேன். அவர் கட்டுரை எழுத உட்கார்ந்துவிட்டார் என்று தெரிந்ததும் சொல்லிவிட்டேன்.

ஹால்வார் சிரித்தார். “மூடியில எழுதினீங்களா? நீங்களா? சரி, வெள்ளிக்கிழமை கேக் உங்களோடது.”

தப்பு செய்தவர் கேக் கொண்டுவருவது எங்கள் வழக்கம்.

“கோவம் இல்லையா?”

“நல்லவேளை, இப்பவே சொன்னீங்க. அச்சானப்புறம்னா மானம் போயிருக்கும்.”

“நாளைக்குப் பதினோரு மணிக்கு வருவீங்கல்ல?”

“எதுக்கு? பாக்க ஒண்ணும் இல்லையே.”

புண்படுத்தச் சொல்லவில்லை, நிஜமாகவே கேட்டார். ஒரு காரணம் சொல்லலாமென்று தேடினேன். அதற்குள் அவர் மாடிப்படி ஏறிவிட்டார்.

வெள்ளிக்கிழமை ஆப்பிள் கேக் கொண்டுபோனேன். எல்லோரும் வந்தார்கள், நன்றாக இருக்கிறது என்றார்கள், தட்டோடு அவரவர் மேசைக்குப் போய்விட்டார்கள். ஹால்வாரும்தான். யாரும் என்னைத் திட்டவில்லை. திட்டவாவது கொஞ்ச நேரம் நின்றிருக்கலாம்.