ஒத்திகைப் பிடித்தம்

குளியலறைச் சுவரிலிருந்து வாட்டர் ஹீட்டர் மறைந்துபோனது தெரியவந்த காலையில் அங்கே இருந்தவர்கள்: பெயின்ட் தொழிற்சாலையின் சம்பளப் பிரிவில் பிடித்தம் போடும் மனைவி, பாதி முகத்தில் சவர நுரையோடு லிஃப்ட் மெக்கானிக்கான அவளுடைய கணவன், பள்ளியின் கடைசி வகுப்பில் படிக்கும் மகள், மனைவியின் அண்ணன். அண்ணன் கண்டக்டராக இருந்தவர். டிக்கெட் கொடுக்க பஸ்ஸிலேயே இயந்திரம் வைத்த பிறகு, கழுத்தில் விசிலோடும் கையில் ஒரு பையோடும் தங்கை வீட்டுக்கு வந்து பின்னறையில் தங்கிவிட்டவர். நால்வரும் குளியலறை வாசலில் முட்டிக்கொண்டு நின்றார்கள். "உள்ள தள்ளி நில்லுங்க, இடம் இருக்கு" என்றார் அவர், பழக்கதோஷத்தில். ஹீட்டரை யாரும் கழற்றவில்லை. திருகாணி அடித்த துளைகூட இல்லை, குழாய் வந்த தடமில்லை, சுவர் ஓடுகள் ஒன்றோடொன்று ஒட்டி வழவழவென்று இருந்தன. மெக்கானிக் கையால் தடவிப் பார்த்துவிட்டு, "இங்க ஒண்ணு இருந்துச்சுன்னு சொன்னா நானே நம்பமாட்டேன்" என்றான். பிறகு மீதி முகத்தைப் பச்சைத் தண்ணீரில் சவரம் செய்துகொண்டு வேலைக்குப் போனான்.

ஹீட்டர் ஒரு மாதமாக ஒத்திகையில் இருந்தது. வருமான வரி ஏறலாம் என்ற பேச்சு கிளம்பியது அதற்கும் முந்தைய மாதம். தொலைக்காட்சியில் தினமும் சாயங்காலம் கோட்டு போட்டவர்கள் வட்டமாக உட்கார்ந்து ஏறும் என்றார்கள், ஏறலாம் என்றார்கள். ஏறவே ஏறாது என்று ஒருவர் அடித்துச் சொன்ன அன்று, ஏறத்தான் போகிறது என்று எல்லோரும் முடிவுகட்டினார்கள். அவள் வேலை பார்த்த சம்பளப் பிரிவில் இப்படிப் பேச்சு வரும்போதெல்லாம் செய்கிற ஒரு வழக்கம் உண்டு. புதிய வரி வந்துவிட்டதாகவே வைத்துக்கொண்டு எல்லோருக்கும் ஒரு தடவை சம்பளம் போட்டுப் பார்ப்பார்கள். ஒத்திகைப் பிடித்தம் என்று அதற்குப் பெயர். யார் கைக்கு எவ்வளவு குறையும், எவன் மேசையைத் தட்டிச் சண்டைக்கு வருவான் என்றெல்லாம் பார்த்து முடித்ததும், அந்தத் தாள்களை மேலாளர் முன்னால் கிழித்துப்போடுவார்கள். கிழிப்பதுதான் அதில் முக்கியமான வேலை. கிழிக்காத ஒத்திகை சம்பளமாகவே போய்ச் சேர்ந்துவிடும் என்று வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அதை அவள் ஒரு எச்சரிக்கையாகத்தான் எடுத்துக்கொண்டாள். வேறு எப்படியும் எடுத்துக்கொள்ளத் தோன்றவில்லை.

வரி ஏறினால் மகளின் கல்லூரிக்கு எடுத்துவைத்ததில்தான் கைவைக்க வேண்டியிருக்கும். அதில் கைவைக்கக் கூடாது என்பதற்காக வீட்டிலும் ஒத்திகை ஓட்டலாம் என்றாள். ஒவ்வொரு மாதமும் ஒரு பொருள். அது இல்லாமல் ஒரு மாதம் இருந்து பார்ப்பது, சமாளிக்க முடிந்தால் வரி வரும்போது அதை விட்டுவிடுவது. அலுவலகத்தில் செய்ததைத்தான் வீட்டிலும் செய்தாள். ஆனால் வீட்டில் கிழிக்கத் தாள் எதுவும் இல்லை.

ஹீட்டருக்குப் பிறகு பால்கனியை ஒத்திகையில் ஓட்டினார்கள், அதாவது அதன் விளக்கையும் செடிகளுக்கான தண்ணீரையும் நிறுத்தினார்கள். மாதம் முடிந்து திரையை விலக்கியபோது சுவர் இருந்தது. கீழ்வீட்டுக்கும் மேல்வீட்டுக்கும் பால்கனி நீட்டிக்கொண்டிருக்க, இவர்கள் வீடு மட்டும் தெருவிலிருந்து பார்க்கையில் பல் விழுந்த வாய்போல இருந்தது. வீட்டுக்காரர் வந்து அண்ணாந்து பார்த்துவிட்டு, வாடகை பழைய வாடகைதான் என்று சொல்லிவிட்டுப் போனார். சர்க்கரையை ஓட்டிய மாதத்துக்குப் பிறகு யார் நாக்குக்கும் இனிப்பு தெரியவில்லை. கீழே தையற்கடை வைத்திருந்தவர் பேத்தி பிறந்ததற்குக் கொண்டுவந்த மிட்டாயை நால்வரும் மரியாதைக்காக மென்று விழுங்கினார்கள். மகள் சிறு வயதிலிருந்து போய்வந்த நீச்சல் வகுப்பை ஓட்டிய மாதத்தின் கடைசியில், பள்ளியோடு நீச்சல் குளத்துக்குப் போனவள் தண்ணீரில் குதித்து நேராக அடிக்குப் போய்விட்டாள். காவலாள் முடியைப் பிடித்து இழுத்துப் போட்டார். வீட்டுக்கு வந்து சாப்பாட்டு மேசையில் ஈரத் தலையோடு அதைச் சொன்னாள். கையும் காலும் தன்னுடையவை மாதிரியே இல்லை என்றாள். "தண்ணிப் பக்கம் போகாதே. அதுக்குச் செலவில்ல" என்றாள் அம்மா.

நடப்பது அம்மாவுக்குப் புரியாமல் இல்லை. இரண்டாவது மாதமே புரிந்துவிட்டது. ஆனால் இல்லாமல் போனதற்குச் செலவும் இல்லை என்பது கணக்குக்குச் சரியாகத்தான் வந்தது. ஹீட்டர் போன பிறகு மின்கட்டணம் குறைந்தது, இனிப்பு போன பிறகு மளிகை குறைந்தது. ஏக்கம்கூட இல்லை. ஆசையும் சேர்ந்தே பிடித்தமாகிவிடுகிறது என்று கணவனிடம் சொன்னாள். "இப்படியே போனா நம்மளத்தான் ஓட்டணும்" என்றான் அவன். அவள் சிரிக்கவில்லை. அவனும் வேடிக்கையாகச் சொல்லவில்லை.

அந்தச் சமயத்தில் அண்ணனுக்குச் சொட்டு மருந்து மாறியது. இடது கண்ணில் நீர் அழுத்தம், புது மருந்து பழையதைவிடப் பல மடங்கு விலை. அடுப்படியில் அவள் பாத்திரத்தை வழக்கத்தைவிட அழுத்தித் தேய்த்தாள், அவ்வளவுதான். கணவன் குரலைத் தாழ்த்தி, "நான் எதுவும் சொல்லமாட்டேன். உன் அண்ணன், உன் கணக்கு" என்றான். கூட்டம் பிதுங்கும் பஸ்ஸில் யார் டிக்கெட் எடுக்கவில்லை என்று முதுகைப் பார்த்தே கண்டுபிடித்தவர் அண்ணன். மறுநாள் சாப்பிடும்போது அவரே பேச்சை எடுத்தார்.

"அடுத்த மாசம் யாரு?"

"யாருமில்லண்ணே. எதை ஓட்டலாம்னு இன்னும் யோசிக்கல."

"என்னையும் ஒரு தடவை ஓட்டிப் பாரேன் தங்கச்சி."

"சும்மா இருங்க மச்சான்" என்றான் மெக்கானிக், தட்டைப் பார்த்தபடி.

"இல்ல மாப்ள, ஒரு மாசம்தான். என்கிட்ட கொஞ்சம் சில்லறை இருக்கு, வெளியில சாப்ட்டுக்கறேன். நான் ஸ்டாப்புல இறங்கிட்டேன்னு வச்சுக்குங்க. மாசக் கடைசியில திரும்ப ஏத்திக்குங்க."

மகள் வேண்டாம் என்றாள். அம்மா வெகுநேரம் எதுவும் சொல்லவில்லை. வேண்டாம் என்று சொல்வதற்கு அந்த நேரம் போதுமானதாக இருந்தது. அதை அவள் பிற்பாடு பலமுறை நினைத்துப் பார்த்தாள். கடைசியில், "மாசக் கடைசி வரைக்கும்தான்" என்றாள்.

மறுநாளிலிருந்து மூன்று தட்டு வைத்தார்கள். அண்ணன் பின்னறையிலிருந்து வந்துபோய்க்கொண்டுதான் இருந்தார். அவரைப் பார்க்காத மாதிரி நடந்துகொண்டார்கள். காலையில் குளியலறைக்கு வரிசை போட்டுக்கொடுப்பது அவர் வேலையாக இருந்தது; ஒரு விசில் என்றால் நில், இரண்டு விசில் என்றால் போ. அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் முட்டிமோதிக்கொண்டார்கள். முதல் வாரம் கஷ்டமாகத்தான் இருந்தது. மகள் இரண்டு தடவை "மாமா" என்று கூப்பிட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். இரண்டாம் வாரத்தில் அவர் உட்கார்ந்தால் நாற்காலி முனகவில்லை. அவருடைய இருமல் பக்கத்து வீட்டு இருமலாகியது, பிறகு மாடிவீட்டு இருமலாகியது. சோப்பில் அவர் தேய்த்த பள்ளம் விழவில்லை. விளக்கைப் போட்டால் நடைவழியில் எல்லோருக்கும் நிழல் விழுந்தது, அவருக்கு மட்டும் சுவரில் லேசான அழுக்குபோல ஏதோ தெரிந்தது. தங்கையின் திருமணப் புகைப்படத்தில் மணப்பெண்ணின் தோள்மேல் ஒரு கை இருந்தது, கைக்கு ஆள் இல்லை.

"அம்மா, மாமா தெரிய மாட்டேங்கறாரு. நிறுத்தும்மா."

"இன்னும் ஒரு வாரம். பாதியில நிறுத்தின ஒத்திகை செல்லாதுடி. மறுபடி முதல்லேர்ந்து ஓட்டணும்."

தொழிலில் அது உண்மைதான். பாதி ஓடிய ஒத்திகையை எந்த மேலாளரும் ஏற்கமாட்டார். அந்த வாரமே கல்லூரியிலிருந்து இடம் கிடைத்ததாகச் செய்தி வந்தது, முன்பணம் உடனே கட்டச் சொல்லியிருந்தார்கள். சேர்த்துவைத்ததில் கொஞ்சம் துண்டு விழுந்தது. சொட்டு மருந்துக்கும் அண்ணனின் சாப்பாட்டுக்கும் ஆகாமல் மிஞ்சியதைப் போட்டதும் சரியாக வந்தது. பற்றாக்குறையும் இல்லை, மிச்சமும் இல்லை. கட்டிவிட்டு வந்தாள். ரசீதைப் பார்த்த கணவன் எதில் கட்டினாய் என்று கேட்கவில்லை. அவனுக்குத் தெரியும்.

மாதத்தின் கடைசி நாளன்று சாயங்காலம் அறிவிப்பு வந்தது. கோட்டு போட்டவர்கள் எல்லோரும் ஒரே முகத்தோடு உட்கார்ந்திருந்தார்கள். இந்த ஆண்டு வருமான வரி ஏறவில்லை, அடுத்த ஆண்டைப் பற்றி இப்போதே எதுவும் சொல்வதற்கில்லை என்றார்கள். தெருவில் யாரோ கை தட்டினார்கள். மெக்கானிக் தொலைக்காட்சியை அணைத்துவிட்டு மனைவியைப் பார்த்தான். மகள் எழுந்துபோய் அலமாரியிலிருந்து நாலாவது தட்டை எடுத்துவந்து மேசையில் வைத்தாள். வைத்துவிட்டு, எதற்காக வைத்தோம் என்று தெரியாதவள்போல நின்றாள்.

மனைவிக்குத் தெரியும். கூப்பிட வேண்டும், அவ்வளவுதான். ஒத்திகை முடிந்துவிட்டது அண்ணே, வந்து உட்காருங்கள் என்று சொன்னால் அதுவே கிழித்துப்போட்ட மாதிரி ஆகிவிடும் என்று அந்த மாதம் முழுக்க எண்ணியிருந்தாள். சொன்னால் நாளைக்கே மருந்து வாங்க வேண்டும். மருந்துக்கான பணம் கல்லூரியில் இருக்கிறது. இந்த எண்ணம் ஒரு மூச்சு நேரம்தான் குறுக்கே வந்தது. தள்ளிவிட்டு நடைவழிக்கு வந்தாள். பின்னறைக் கதவு திறந்தது. யாரும் வரவில்லை, ஆனால் யாரோ வந்தார்கள். கண்டக்டர்கள் ஓடும் பஸ்ஸில் நடப்பதுபோலக் காலை அகட்டி ஊன்றும் காலடி. அவளுக்கு நேர் எதிரே வந்து நின்றது. அவள் வாயைத் திறந்தாள். மகளின் கையும் காலும் தண்ணீரில் மறந்ததுபோல அவள் நாக்கும் அந்த வார்த்தையைத் தேடிப் போய் நேராக அடிக்கு இறங்கியது. அங்கே ஒன்றும் இல்லை, சுவர் வழவழவென்று இருந்தது. பழகிய வேறொரு வார்த்தைதான் வந்தது, கதவைத் தட்டுகிற முன்பின் தெரியாதவரிடம் கேட்பது.

"யாருங்க?"

காலடி கொஞ்ச நேரம் அசையவில்லை.

"ஒண்ணுமில்லீங்க" என்றது ஒரு குரல், மாடிவீட்டிலிருந்து கேட்பதுபோல. "இறங்கணும். கொஞ்சம் வழி விடுங்க."

அவள் சுவரோடு ஒட்டி வழி விட்டாள். பிதுங்கும் பஸ்ஸில் ஒருவர் உரசிக்கொண்டு போவதுபோல ஏதோ அவள் தோளைத் தொட்டுப் போனது, தொட்ட இடம் சிறிது நேரம் சூடாக இருந்தது. வாசலுக்குப் போய்க் கதவை அகலத் திறந்து, கண் சரியில்லாத ஒருவர் மூன்று மாடி இறங்க எவ்வளவு நேரம் பிடிக்குமோ அவ்வளவு நேரம் பிடித்துக்கொண்டு நின்றாள். படிக்கட்டின் அடியில் விசில் ஒலித்தது. இரண்டு தடவை. மகள் நாலாவது தட்டை அலமாரியில் திருப்பி வைத்தாள், மெக்கானிக் நாற்காலியை மேசைக்குள் தள்ளினான். அவள் கதவைச் சாத்தி, தாழ்ப்பாளைப் போட்டு, சாவியை இரண்டு சுற்றுச் சுற்றிப் பூட்டி, தினமும் செய்வதுபோல ஒரு தடவை இழுத்துப் பார்த்தாள்.