இருபது போடுகிற சகலை

வெள்ளிக்கிழமை வந்தாலே மூக்குக்கண்ணாடிக் கடைக்காரருக்கு ஒரு சங்கடம் காத்திருக்கும். அன்று அவர் மனைவி அடுப்பு பற்றவைப்பதில்லை. பல் ஆஸ்பத்திரியில் வாரம் முழுக்க அடுத்தவர் வாயைத் திறக்கச் சொல்லி விளக்கடித்துக்கொண்டு நிற்பவள், ஒரு நாளாவது என் வாய்க்கு யாராவது சமைத்துப் போடட்டும் என்று கல்யாணமான புதிதிலேயே சட்டம் போட்டுவிட்டாள். அவருக்கும் அதில் வருத்தமில்லை. இரண்டு தெரு தள்ளி இருக்கும் சாப்பாட்டுக் கடையில் பார்சல் வாங்கி வருவது அவர் பங்கு. ஒரு வம்பும் இல்லாமல்தான் நடந்துகொண்டிருந்தது, கடை முதலாளி புதிதாக ஒரு கார்டு மெஷின் வாங்கி வைக்கிற வரைக்கும்.

அந்த மெஷின் பில் தொகையைக் காட்டும். பணத்தை எடுத்துக்கொள்வதற்கு முன்னால், "கவனிப்பு?" என்று ஒரு கேள்வி கேட்கும். டிப்ஸ் என்று போட்டால் கை நீட்டுகிற மாதிரி இருக்கிறது என்று முதலாளி ராத்தூக்கம் கெட்டு யோசித்துப் போட்ட வார்த்தை அது. கீழே பத்து, பதினைந்து, இருபது சதவீதம் என்று பச்சைப் பசேலென்று மூன்று பெரிய பொத்தான்கள். அதற்கும் கீழே, மருந்து பாட்டிலில் அச்சடிக்கிற பொடி எழுத்தில், "வேண்டாம்".

கல்லாவில் இருந்த பெண் மெஷினை அவர் பக்கம் திருப்பி வைத்துவிட்டு அண்ணாந்து கூரையைப் பார்ப்பாள். அதுதான் அவரைக் கொன்றது. முறைத்தாலாவது பதிலுக்கு முறைக்கலாம். அடுத்தவர் கஞ்சத்தனத்தைக் கண்ணால் பார்ப்பது நாகரிகமில்லை என்பது போல இவள் கூரையைப் பார்த்து நின்றால் மனுஷன் என்னதான் செய்வான்?

அவர் பக்கம் நியாயம் இல்லாமல் இல்லை. உட்கார்ந்து சாப்பிட்டால் சரி, தண்ணீர் வைக்கிறார்கள், தட்டு எடுக்கிறார்கள், மேசை துடைக்கிறார்கள். பார்சலுக்கு அவரே நடந்து போகிறார், அவரே கால் கடுக்க நிற்கிறார், அவரே தூக்கி வருகிறார். குழம்பு சிந்தினால்கூட அவர் சட்டையில்தான் சிந்துகிறது. இதில் யாரை யார் கவனித்தார்கள்? கேள்வி என்னவோ பிரமாதம். ஆனால் பொத்தானுக்கு மேலே விரலைக் கொண்டு போனதும் விரல் திருட்டு விரலாகிவிடும். "வேண்டாம்" அழுத்தினால் வீடு வரைக்கும் உறுத்தல். பத்து அழுத்தினால் வீடு வரைக்கும் எரிச்சல்.

ஒரு வெள்ளிக்கிழமை பார்சலைப் பிரித்துக்கொண்டே மனைவி கேட்டாள்.

"இன்னைக்கு எவ்வளவு போட்டீங்க?"

"பத்து."

"பத்தா? எங்க அத்தான் அதே கடையில பார்சலுக்கும் இருபதுதான் போடுவாராம். அக்கா சொன்னா. விரலை நீட்டினாலே அது இருபதுலதான் போய் நிக்குமாம்."

அத்தான் என்றால் அவள் அக்காவின் கணவர், இவருக்குச் சகலை. வீடு, மனை வாங்கி விற்கிற தொழில். ஆள் ஓங்குதாங்கு, உள்ளங்கை ஒவ்வொன்றும் முறம் அகலம். அந்தக் குடும்பத்தில் எதை அளந்தாலும் அளவுகோல் அவர்தான். விருந்தில் கோழி வந்தால் லெக் பீஸ் ஒன்று நேராக அவர் தட்டுக்குப் போகும், இன்னொன்று அவர் மறுபடி கேட்பார் என்று எடுத்து வைக்கப்படும். இத்தனை வருஷத்தில் கண்ணாடிக் கடைக்காரர் கழுத்தையும் முதுகையும் தவிர வேறு துண்டைக் கண்டதில்லை. சகலை மேல் அவருக்குப் பொறாமை. இதில் மூடி மறைக்க என்ன இருக்கிறது, நல்ல முற்றின பொறாமை.

"அடுத்த மாசம் அக்காவும் அத்தானும் நம்ம வீட்டுக்குச் சாப்பிட வராங்க. நாலு பேருமா போய்த்தான் வாங்கிட்டு வரப்போறோம். அவங்க முன்னாடி அந்தப் பொடி எழுத்துல கைய வெச்சு என் மானத்தை வாங்கிடாதீங்க" என்றாள். பிறகு, சோற்றில் குழம்பை ஊற்றிக்கொண்டே, "நீங்க எதையுமே கவனிக்கறது இல்லங்க" என்றாள்.

முன்னது பரவாயில்லை. பின்னதுதான் சுருக்கென்று தைத்தது. கண்ணைக் கவனித்தே கஞ்சி குடிக்கிற மனிதரைப் பார்த்துச் சொல்கிற பேச்சா அது?

அடுத்த வெள்ளிக்கிழமை அவர் கல்லாப் பெண்ணிடம் நேரடியாகவே கேட்டுவிட்டார்.

"இந்தக் கவனிப்புன்னா என்னம்மா?"

"கட்டாயம் எல்லாம் இல்ல சார். கவனிக்கணும்னு தோணினா கவனிங்க."

சரி என்று அவர் ஓரமாக நின்று கவனித்தார். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு கவனித்தார். அவள் பில்லை மூக்கு நுனியில் வைத்துப் படித்தாள். வரிசையில் அடுத்து நின்ற மீசைக்காரரை "சொல்லுங்க மேடம்" என்றாள். அவரிடம் வேறு யாருடைய பையையோ எடுத்துக் கொடுத்தாள்.

"அந்தச் சுவத்துல இருக்கற மெனுவைக் கொஞ்சம் படிம்மா" என்றார் கண்ணாடிக் கடைக்காரர்.

அவள் திரும்பிக்கூடப் பார்க்காமல் கடகடவென்று ஒப்பித்தாள்.

"கடைசி வரி?"

"காளான் சூப் சார்."

"சூப்பை எடுத்து ரொம்ப நாளாச்சு. இப்ப அங்க 'கழிவறை பின்பக்கம்'னு எழுதியிருக்கு."

அவள் முகம் சிறுத்துவிட்டது. கிட்டப்பார்வை, அதுவும் நன்றாக முற்றியது என்று அவருக்குப் புரிந்தது. மெஷினைத் திருப்பி வைத்ததும் மேலே பார்க்கிறாளே, அங்கே என்ன தெரிகிறது என்று கேட்டார்.

"ஒண்ணும் தெரியல சார். எங்க பாத்தாலும் ஒரே மாதிரிதான். மூஞ்சியப் பாத்தா ஆளுங்க நெளியறாங்க. அதான் மேல பாக்கறது."

ஆக, அவர் எதை அழுத்தினார் என்று அவளுக்கு ஒரு நாளும் தெரிந்ததில்லை. அவர் பட்ட அவமானம் எல்லாம் அவர் தனக்குத்தானே பரிமாறிக்கொண்டது. விவரமான ஆள் இதோடு பையைத் தூக்கிக்கொண்டு நிம்மதியாக வீட்டுக்குப் போயிருப்பார். நம்ம ஆளுக்கு அங்கேதான் புத்தி வேலை செய்தது. இவளுக்கு ஒரு கண்ணாடி செய்து கொடுத்தால் என்ன? இதைவிடப் பெரிய கவனிப்பை எவன் செய்துவிட முடியும்? சகலையின் இருபது இதற்குப் பக்கத்தில் நிற்குமா?

மறுநாளே லென்ஸ் பெட்டியோடு வந்துவிட்டார். மெனு பலகையையே எழுத்துப் பலகையாக வைத்துக்கொண்டு, அவள் மூக்கில் வட்டச் சட்டத்தை மாட்டி, ஒவ்வொரு லென்ஸாகப் போட்டு, "இப்ப நல்லாருக்கா, முன்னாடி நல்லாருந்துச்சா?" என்று கேட்டார். பார்சலுக்கு நின்ற வரிசை வாசலைத் தாண்டிவிட்டது. பசியோடு நின்றவர்களுக்கும் ஆர்வம் தாங்கவில்லை. "முன்னாடிதுதான் நல்லாருந்துச்சு" என்று மீசைக்காரர் பின்னாலிருந்து குரல் கொடுத்தார்.

கண்ணாடி தயாராகி வந்த அன்று, அதைப் போட்டுக்கொண்டதும் அவள் முதலில் அவரைப் பார்த்தாள்.

"சார், உங்க மூக்குல மச்சம் இருக்கு."

பிறகு கூரையைப் பார்த்தாள்.

"மேல எவ்வளவு ஒட்டடை."

பிறகு, அடுத்து நின்ற பேங்க் மேனேஜருக்காக மெஷினைத் திருப்பி வைத்தவள், முதல்முறையாக அதையே குனிந்து பார்த்தாள். மேனேஜரின் விரல் கீழே போயிற்று.

"வேண்டாம்" என்று அவள் வாய்விட்டுப் படித்தாள். அவள் மனதில் ஒரு குத்தலும் இல்லை. தலைகீழாக இருக்கிற எழுத்துகூடத் தெரிகிறதே என்ற சந்தோஷம்தான். மேனேஜர் முகத்தில் ஈயாடவில்லை.

அன்றிலிருந்து பிடித்தது வினை. பொத்தானை அழுத்தினால் உடனே வாசிப்பு. படிக்கப் படிக்க அவளுக்கு ஆசை அடங்கவில்லை. ஒருவர் தொப்பியைக் கழற்றி மெஷின் மேல் கவிழ்த்துவிட்டு உள்ளே கைவிட்டுத் துழாவினார், கை தவறி இருபதில் பட்டுவிட்டது. ஓர் அம்மாள் வெயிலும் மழையும் இல்லாமல் கல்லா முன்னால் குடை விரித்தார். மீசைக்காரர் ஓட்டுப் போடுகிற மறைப்பு மாதிரி அட்டைப்பெட்டி ஒன்றை வெட்டி எடுத்துக்கொண்டு வர ஆரம்பித்தார். பெட்டி இல்லாதவர்கள் அதை அவரிடம் இரவல் வாங்கினார்கள்.

முதலாளிக்கு வாயெல்லாம் பல். கவனிப்புப் பணம் அப்படிக் கொட்டியது.

"சார், நம்ம சமையல்காரருக்கும் ஒரு கண்ணாடி போட்டு விடுங்க."

"அவருக்குக் கண்ணு நல்லாத்தானே இருக்கு?"

"இருக்கட்டும் சார். எல்லாம் கொஞ்சம் பெரிசாத் தெரியற மாதிரிக் குடுங்க. கோழி பெரிசாத் தெரிஞ்சா சின்னதா வெட்டுவாரு."

தெருவில் கண்ணாடிக் கடைக்காரருக்கு மரியாதை போய்விட்டது. எதிரே வந்தவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். குடைக்கார அம்மாள் மட்டும் கடைக்கே வந்து, "நல்லா இருந்த பொண்ணுக்கு அநியாயமாக் கண்ணைக் குடுத்துட்டீங்களே" என்று கேட்டுவிட்டுப் போனார். கண்ணாடி போட்டுவிட்டவர் என்று அவருக்காவது சலுகை உண்டா என்றால் அதுவும் இல்லை. அவர் விரலையும் அவள் ஆசையாகத்தான் பார்த்தாள். அவர் பேசாமல் இருபதை அழுத்திவிட்டு வந்தார்.

விருந்து வெள்ளிக்கிழமையும் வந்தது. நாலு பேருமாகக் கடைக்குப் போனார்கள். சகலை அந்த மாதம் முழுக்க வேலையாக வெளியூரில் இருந்தவர். கடையில் நடந்த கூத்து எதுவும் அவருக்குத் தெரியாது.

"முழுக்கோழி ஒண்ணு, நாலு பேருக்குச் சோறு, குழம்பு" என்று அவர் சொன்னதும் கல்லாப் பெண் நிமிர்ந்தாள்.

"இந்தக் குரல் எனக்குத் தெரியும் சார். முகத்தை இப்பதான் பாக்கறேன்."

அவருக்கு அது விளங்கவில்லை. சிரித்துவைத்தார். பில் வந்ததும் கண்ணாடிக் கடைக்காரர் கார்டை எடுக்க, முறம் போன்ற கை ஒன்று அதைத் தள்ளியது.

"உள்ள வைங்க சகலை. நான் நிக்கும்போது நீங்க குடுக்கறதா?"

"விடுங்க தம்பி, அவரு கேக்க மாட்டாரு" என்றாள் அக்கா, தாடையைக் கொஞ்சம் தூக்கிக்கொண்டு. மனைவி தன் கணவரைப் பார்த்தாள். பாத்தீங்களா என்கிற பார்வை.

மெஷின் கேள்வி கேட்டது. சகலை இடது கையைச் சுவர் மாதிரி மறைத்து நிறுத்தினார். அக்கா நின்ற பக்கம் அது நன்றாகவே மறைத்தது. ஆனால் கண்ணாடிக் கடைக்காரர் நின்ற பக்கம் திறந்து கிடந்தது. வலது கைக் கட்டைவிரல் இருபதைத் தாண்டியது. பதினைந்து, பத்து எதிலும் நிற்கவில்லை. நேராகக் கீழே, பொடி எழுத்துக்குப் போனது. வழி தெரியாத விரல் அப்படிப் போகாது. பல தடவை போய் வந்த விரல் அது.

கண்ணாடிக் கடைக்காரர் அதைப் பார்த்துவிட்டார். எத்தனை வருஷத்துக் கழுத்து, எத்தனை வருஷத்து முதுகு. அவர் ஒன்றும் செய்ய வேண்டாம். வாயை மூடிக்கொண்டு நின்றால் போதும், மற்றதை அந்தப் பெண் பார்த்துக்கொள்வாள். அவள் ஏற்கெனவே ஆசையோடு மெஷின் பக்கம் குனிந்துகொண்டிருந்தாள்.

அப்போதுதான் அந்தக் கட்டைவிரல் நடுங்குவது அவர் கண்ணில் பட்டது. பொடி எழுத்துக்கு மேலே, தொடாமல், நடுங்கிக்கொண்டே நின்றது. சகலையின் மேலுதட்டில் வியர்வை. அந்த நடுக்கத்தைக் கண்ணாடிக் கடைக்காரருக்கு நன்றாகத் தெரியும், வெள்ளிக்கிழமைதோறும் அவர் கையிலேயே இருந்த நடுக்கம்தான். பக்கத்தில் அக்கா இன்னும் தாடையை இறக்காமல் நின்றாள். அவரால் தாங்க முடியவில்லை.

"கண்ணாடியில கறைம்மா" என்று கல்லாவுக்கு மேலே எட்டி, அவள் மூக்கிலிருந்து கண்ணாடியைக் கழற்றிவிட்டார். சட்டைப் பையிலிருந்து மஞ்சள் துணியை எடுத்து இடது பக்கம் துடைத்தார், வலது பக்கம் துடைத்தார், மறுபடி இடது பக்கம் துடைத்தார். "கொஞ்சம் அண்ணாந்து நில்லு. மூக்குல தழும்பு விழுதான்னு பாக்கணும்."

அவள் பழையபடி கூரையைப் பார்த்து நின்றாள். மெஷின் பணத்தை எடுத்துக்கொண்டு ரசீதைத் துப்பியது.

"ஆச்சா சகலை?"

"ஆச்சு." குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டு அவள் மெஷினைப் பார்த்தாள். திரை வெறுமையாக இருந்தது.

"சார் எவ்வளவு போட்டாருன்னு பாக்கலயே."

"எப்பவும் போடறதுதான்" என்றார் கண்ணாடிக் கடைக்காரர். பொய் என்று யாரும் சொல்ல முடியாது. மற்றவர்கள் பைகளை எடுக்கத் திரும்பியதும் தன் பணத்தில் இரண்டு நோட்டை மடித்துத் கல்லா மேல் இருந்த தண்ணீர் டம்ளருக்கு அடியில் செருகினார். சகலையின் இருபது அவர் கையால் விழுந்தது.

எப்போதும் வெறுங்கையை வீசிக்கொண்டு நடக்கிற சகலை அன்று எல்லாப் பைகளையும் தானே தூக்கிக்கொண்டார். தன் கார் பக்கம் வந்ததும் மெதுவாகச் சொன்னார்.

"எனக்கும் கொஞ்ச நாளாக் கண்ணு மங்கலா இருக்கு சகலை. கடைக்கு வரேன். விலை கூட ஆனாலும் பரவால்ல."

"வாங்க."

வீட்டில் மனைவி பார்சலைப் பிரித்தாள். சகலையின் தட்டு பழக்க தோஷத்தில் தானாகவே முன்னால் நகர்ந்து வந்தது. இடுக்கியில் தொங்கிய லெக் பீஸ் அந்தத் தட்டுக்கு மேலாகப் போய், மேசையின் அந்தக் கோடிக்குச் சென்று, கண்ணாடிக் கடைக்காரரின் தட்டில் இறங்கியது. அவர் அதை அடையாளம் தெரியாதவர் மாதிரி பார்த்தார். எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இரண்டாவது லெக் பீஸும் அங்கேயே வந்து சேர்ந்தது.

"என்னடி இது?" என்றாள் அக்கா.

"கவனிப்புக்கா. ரொம்ப நாளா நான் போடாம விட்டது." பிறகு குழம்பு ஊற்றுகிற சாக்கில் குனிந்து, அவருக்கு மட்டும் கேட்கும்படி, "எனக்குக் கண்ணு நல்லாத் தெரியும்ங்க. டம்ளருக்கு அடியில வெச்சதுகூட" என்றாள்.

அவர் ஒரு லெக் பீஸைக் கையில் எடுத்தார். சோற்றைப் பார்த்துக்கொண்டே தலையை ஆட்டினார்.

சகலையின் தட்டில் கழுத்துத் துண்டு விழுந்தது. அவர் அதை எடுத்து, கொஞ்ச நேரம் அதோடு போராடிப் பார்த்தார்.

"கழுத்தும் நல்லாத்தான் இருக்கு, சகலை" என்றார்.

"பழகிடும்" என்றார் கண்ணாடிக் கடைக்காரர்.