ரொட்டி, எண்ணிக்கை இரண்டு

அருங்காட்சியகத்தில் ஒரு பொருள் குறைந்தால் என்ன ஆகும் என்று எல்லோருக்கும் தெரியும். போலீஸ் வரும். ஒரு பொருள் கூடினால் என்ன ஆகும் என்பது அப்துர் ராதிக்கு முப்பத்தொரு வருட வேலையின் கடைசி வாரத்தில்தான் தெரியவந்தது.

சொஹாகுக்குத் தெற்கே, நைல் கரையில், இரண்டே கூடம் கொண்ட சின்ன அருங்காட்சியகம் அது. இருநூற்றுப் பதினான்கு பொருட்கள், அத்தனையும் அவர் பெயரில். முறை அப்படி. ஒவ்வொரு பானைக்கும் பாசிமணிக்கும் ஒரு ஆள் பொறுப்பு. அந்த ஆளுக்கு வயதாகிவிட்டாலும், அடுத்து வருகிறவர் எல்லாவற்றையும் எண்ணிப் பார்த்துக் கையெழுத்துப் போடும்வரை அவர் ஊரைவிட்டு நகர முடியாது. இதனாலேயே மனைவி சனிய்யாவுக்குக் கடலைக் காட்டுவதாகப் பதினோரு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். மகள் சுஹைர் ஹுர்கதாவில் கடலுக்கு எதிரிலேயே குடியிருந்தாள். வியாழக்கிழமை பஸ்ஸுக்கு டிக்கெட் எடுத்தாகிவிட்டது. இன்று செவ்வாய். தலைநகரத்திலிருந்து வந்த மூவர் குழு பதினேழாம் பெட்டி முன்னால் நின்றுகொண்டிருந்தது.

“பதிவேட்டுல என்ன இருக்கு?” என்றார் குழுத் தலைவர் லுத்ஃபி.

அடுத்த பொறுப்பாளராக வந்திருந்த இப்திஹால் வாசித்தாள். “ரொட்டி, பதினெட்டாம் வம்சம், எண்ணிக்கை ரெண்டு.”

“இங்க மூணு இருக்கே.”

“அந்த மூணாவது எங்க வீட்டு ரொட்டி சார்” என்றார் அப்துர் ராதி.

நடந்தது இதுதான். பத்து மாதத்துக்கு முன் பள்ளிப் பிள்ளைகள் வந்தபோது ரிஹாம் என்ற சிறுமி கேட்டாள்: “எங்க வீட்டு ரொட்டி நாலு நாள்ல பூசணம் பிடிக்குது. இது மட்டும் எப்படி மூவாயிரத்து ஐந்நூறு வருஷம் இருக்கு?” கேள்வி கேட்பவர்களை அப்துர் ராதி பதில் சொல்லாமல் அனுப்பியதில்லை. பூசணம் வளரத் தண்ணீர் வேண்டும், தண்ணீர் இல்லாத இடத்தில் அதற்குப் பிழைப்பு இல்லை என்று விளக்கினார். பெட்டியின் அடித்தட்டில் இருந்த மணிகளைக் காட்டினார். புதுச் செருப்புப் பெட்டிக்குள் சின்னப் பொட்டலமாக வருமே, அதே மணிகள்தான். காற்றில் உள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். காய்ந்திருந்தால் நீலம், வயிறு நிறைந்தால் இளஞ்சிவப்பு. பிள்ளைகள் தலையாட்டினார்கள். ரிஹாம் ஆட்டவில்லை. “நம்ம ரொட்டியை வச்சுப் பார்த்தாத்தான் நம்புவேன்” என்றாள்.

நியாயமான கோரிக்கை. மறுநாள் மணிகளை மாற்றப் பெட்டியைத் திறந்தபோது, சனிய்யா மொட்டை மாடி வெயிலில் காயவைத்திருந்த ரொட்டி ஒன்றை உள்ளே வைத்தார். அடியில் ‘இன்றைய ரொட்டி’ என்று ஒரு சீட்டு. பிறகு பெட்டிக்கு ஈய முத்திரை விழுந்தது. அதை உடைக்க ஒரு குழு வர வேண்டும். குழு இப்போதுதான் வந்திருக்கிறது.

லுத்ஃபி சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இன்றைய ரொட்டின்னா எந்த இன்றைய? சுட்ட அன்னிக்கு எல்லா ரொட்டியும் இன்றைய ரொட்டிதான் உஸ்தாத்.”

“அது என் கையெழுத்து சார்.”

“கையெழுத்து உங்களது. ரொட்டி யாருதுன்னுதான் கேள்வி.”

அப்துர் ராதி பொறுமையாக விளக்க ஆரம்பித்தார். அதுதான் தப்பாகப் போனது. எங்கள் பக்கத்துப் பெண்கள் மாவை வெயிலில் வைத்துப் புளிக்கவிடுவார்கள் என்றார். அந்தக் காலத்திலும் அப்படித்தான் என்று குறித்துக்கொண்டார் லுத்ஃபி. ஓரத்தைப் பேரீச்ச முள்ளால் கீறுவார்கள் என்றார். அதுவும் பழைய வழக்கமே என்று எழுதப்பட்டது. இவர் எவ்வளவு தெளிவாகச் சொன்னாரோ அவ்வளவுக்கு அந்த ரொட்டிக்கு வயது ஏறிக்கொண்டே போனது. மதியத்துக்குள் அது மற்ற இரண்டையும்விடப் பழையதாகிவிட்டது.

“பதிவு பண்ணாத தொல்பொருளை ஒளிச்சு வச்சிருந்ததா ஆகும் இது” என்றார் லுத்ஃபி. “விசாரணை முடியற வரைக்கும் நீங்க எங்கயும் போக முடியாது. ஒண்ணு செய்யலாம். உங்க வீட்டம்மாவை இப்ப சுட்ட ரொட்டி ஒண்ணு எடுத்துட்டு வரச் சொல்லுங்க. ஒப்பிட்டுப் பார்ப்போம்.”

சனிய்யா கூடையோடு வந்தாள். காலையில் சுட்ட ரொட்டியையும் பெட்டியிலிருந்த மூன்றையும் மேசைமேல் பஞ்சில் வைத்தார்கள். பூதக்கண்ணாடி பிடித்த உறுப்பினர் நெடுநேரம் குனிந்திருந்துவிட்டு நிமிர்ந்தார்.

“அச்சு அசல் ஒரே மாதிரி இருக்கு.”

“அப்ப இதுவும் சந்தேகத்துக்குரியது” என்றார் லுத்ஃபி. “எழுதும்மா. ரொட்டி, எண்ணிக்கை நாலு.”

இப்திஹால் பேனாவைக் கீழே வைத்தாள். “ரெண்டுக்குத்தான் சார் நான் கையெழுத்துப் போடுவேன்.”

சனிய்யா நான்கையும் ஒரு பார்வை பார்த்தாள். “இதுல என்ன சந்தேகம்? நான் இடது கைக்காரி. என் கீறல் இடது பக்கம் சாயும். அந்த ரெண்டையும் சுட்டவ வலது கைக்காரி. அவசரக்காரியும்கூட. அடுப்பு சூடேறறதுக்குள்ள வச்சிருக்கா.”

“பண்டைக்காலத்திலயும் இடது கைக்காரங்க இருந்தாங்கம்மா” என்றார் லுத்ஃபி இரக்கத்தோடு.

அவள் கணவனைத் தனியே இழுத்தாள். “சுஹைர் அப்பா, வியாழக்கிழமை கடலா, இல்ல இந்த ஆளா?”

“கணக்கு முடிஞ்சாத்தான் கடல்.”

“அவங்க எப்ப சாப்பிட்டாங்க?”

“காலைலேர்ந்து ஒண்ணும் இல்ல. எண்ணி முடிக்காம வெளிய போகக் கூடாதாம்.”

குழு சீட்டை எடுத்துக்கொண்டு வெளிச்சத்துக்காகப் பக்கத்துக் கூடத்துக்குப் போயிருந்தது. சனிய்யா மேசையருகே போய், இடது பக்கம் சாய்ந்த கீறல் உள்ள காய்ந்த ரொட்டியைக் கூடையில் போட்டுக்கொண்டாள். அப்துர் ராதி அந்த நேரம் பார்த்துச் சுவரில் இருந்த ஈரமானியை இப்திஹாலுக்கு விளக்கத் தொடங்கினார். அவள் சுவரையே பார்த்துக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

காய்ந்த ரொட்டி கெட்டுப்போன ரொட்டி அல்ல. அதை விட்டுத் தண்ணீர் போயிருக்கிறது, அவ்வளவுதான். சனிய்யா தண்ணீர் தெளித்து, ஈரத்துணியில் சுற்றி, காவலாளியின் டீ அடுப்பில் மூடிவைத்தாள். கால் மணி நேரத்தில் ஆவி பறந்தது. துண்டு போட்டு, ஊறின பாலாடைக்கட்டியும் வெங்காயமுமாக அலுவலக அறையில் பரப்பினாள். மூன்று பேரும் மறுபேச்சில்லாமல் உட்கார்ந்தார்கள். லுத்ஃபிதான் அதிகம் சாப்பிட்டார்.

“கை மணம்னா இதாம்மா. இவ்ளோ மெத்துன்னு எங்க ஊர்ல கிடைக்காது.”

“வயித்துக்கு இதமா இருக்கட்டும்” என்றாள் சனிய்யா.

திரும்பி வந்து எண்ணினார்கள். புது ரொட்டி ஒன்று, பழையது இரண்டு. லுத்ஃபி மறுபடி எண்ணினார்.

“ஒண்ணைக் காணோம். கதவைச் சாத்துங்க. திருட்டு நடந்திருக்கு.”

“திருட்டு இல்ல அய்யா. நீங்கதான் சாப்பிட்டீங்க” என்றாள் சனிய்யா.

பூதக்கண்ணாடிக்காரர் நாக்கால் பல்லைத் துழாவிப் பார்த்தார். இப்திஹால் பேனாவை எடுத்துக்கொண்டாள்.

“எப்படி எழுதட்டும் சார்? ‘தொல்பொருள் ஒன்று, குழுத் தலைவரால், வெங்காயத்துடன்’னு எழுதட்டுமா? இல்ல, ‘அப்துர் ராதி வீட்டு ரொட்டி’ன்னு எழுதட்டுமா?”

லுத்ஃபி கைக்குட்டையால் வாயைத் துடைத்தார். வாயைத் துடைத்த கைக்குட்டையைச் சாட்சிப்பொருள் போல விரித்துப் பார்த்தார். பிறகு சனிய்யா பக்கம் திரும்பினார்.

“ஏம்மா, அது உங்க ரொட்டிதானே? நல்லாத் தெரியுமில்ல?”

“காலைலேர்ந்து இந்த மனுஷன் அதைத்தானே சொல்லிட்டிருக்காரு.”

அதற்குப் பிறகு வேலை மளமளவென்று நடந்தது. இடது பக்கம் சாய்ந்த கீறல் வலுவான சான்று என்று பதிவானது. சீட்டில் இருந்த கையெழுத்து ஐயத்துக்கு இடமற்றது என்று பதிவானது. பதினெட்டாம் வம்சத்துப் பெண் வலது கைக்காரி, அவசரக்காரி என்பதும் பதிவேட்டில் ஏறியது. அந்த இரண்டு ரொட்டியைப் பற்றி அதற்கு முன் அவ்வளவு விவரம் யாரும் எழுதியதில்லை. இப்திஹால் இரண்டுக்குக் கையெழுத்துப் போட்டாள். நான்காவது ரொட்டி வெளியே போக லுத்ஃபி தன் கையாலேயே அனுமதிச் சீட்டு எழுதிக் கொடுத்தார். சனிய்யா அதை வழிச்சாப்பாட்டுக்கு என்று எடுத்துக்கொண்டாள்.

வியாழக்கிழமை பஸ் பாலைவனத்தைக் கடந்துகொண்டிருந்தபோது, அப்துர் ராதி மடியில் பலகையை வைத்துப் பள்ளிக்கூட முகவரிக்குக் கடிதம் எழுதினார்.

“அன்புள்ள ரிஹாம், பத்து மாதம் ஆகியும் நம் ரொட்டியில் பூசணம் இல்லை. தண்ணீர் தெளித்துச் சுடவைத்ததும் மெத்தென்று ஆகிவிட்டது. சாப்பிட்ட மூன்று பேரும் நலமாக ஊர் திரும்பினார்கள். மூவாயிரத்து ஐந்நூறு வருடம் தாங்குமா என்பதை இனி அந்த ரொட்டியை வைத்துச் சொல்ல முடியாது. உனக்கு இன்னும் நம்பிக்கை வரவில்லை என்றால் வேறொரு ரொட்டி கொண்டுபோய் இப்திஹால் மிஸ்ஸிடம் கொடு. வைப்பதற்கு முன்னால் பதிவேட்டில் எழுதச் சொல்லிவிடு.”

“யாருக்கு எழுதுறீங்க?” என்றாள் சனிய்யா, ஜன்னலிலிருந்து கண்ணை எடுக்காமல். அந்தப் பக்கம் ஏதோ நீலமாகத் தெரிய ஆரம்பித்திருந்தது.