தடித்த வோஷர்

"என்ட கலியாணத்தண்டைக்கு நான் லெட்சுமணன் மாமாட கார்லதான் போவேன் வாப்பா" என்று மகள் நதா ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே சொன்னதும், நிஸாம் குடித்துக்கொண்டிருந்த பிளேன்டீயைக் கீழே வைத்துவிட்டார். முற்றத்தில் அவருடைய நீல ஃபோக்ஸ்வேகன் பீட்டில் நிற்கிறது. பெற்ற தகப்பனின் கார். அதை விட்டுவிட்டு ஊரான் காரா?

"எங்கட காருக்கு என்ன குறை?"

"பெற்றோல் மணக்குது. ஹந்தானை ஏத்தத்துல நிண்டுட்டா, அந்த உடுப்போட மண்டபத்துக்கு நடந்தா போற?"

மனைவி ஜஹானா சிரிப்பை அடக்க முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அதுதான் நிஸாமை இன்னும் சுட்டது.

கெலிஓயாவில் பழைய ஃபோக்ஸ்வேகன் வைத்திருப்பவர்கள் இரண்டே பேர். முதலில் வாங்கியவர் நிஸாம். அதைப் பார்த்து ஆசைப்பட்டு, அவரிடமே யோசனை கேட்டு வாங்கியவர் ஹார்ட்வெயார் கடை லெட்சுமணன், பள்ளிக்கூடத்திலிருந்தே கூட்டாளி. தண்ணீர் ஊற்ற வேண்டாத, காற்றிலேயே சூடாறும் அந்த எஞ்சினின் ஒவ்வொரு ஆணியையும் நிஸாம் தன் கையாலேயே கழற்றிப் பூட்டுகிறவர். லெட்சுமணனோ கண்டியில் யாரோ ஒரு மெக்கானிக் பாஸிடம் விட்டுவிட்டுப் பேப்பர் படிக்கிற ஆள். ஆனாலும் சந்தியில் எல்லோரும் வாயைப் பிளந்து பார்ப்பது லெட்சுமணன் காரைத்தான். எரியாதா வயிறு? எரிந்தது. நோன்பு நாளில் பக்கத்து வீட்டில் பொரிக்கிற மணம் வந்தால்கூட நிஸாமுக்கு அப்படி எரிந்ததில்லை.

கலியாணத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது லெட்சுமணனே காரோடு வந்து நின்றார். முகம் தொங்கிப்போயிருந்தது.

"பாஸ் புது வால்வு போட்டாரு மச்சான். அதுலேர்ந்து ஒரே கறுப்புப் பொகை, பெற்றோல் நாத்தம். நீயே பாரு. நம்ம புள்ள போற காரு."

அப்பாடா என்றிருந்தது நிஸாமுக்கு. கடைசியில் என் வாசலுக்குத்தானே வந்தாய்! லெட்சுமணனை உள்ளே அனுப்பிவிட்டு, பின்பக்க மூடியைத் தூக்கினார். காபரேட்டருக்குள் ஒரு சின்னக் கிண்ணம். அதில் ஒரு மிதவை. பெற்றோல் ஏற ஏற மிதவையும் ஏறி வால்வை அடைக்கும். வால்வுக்கு அடியில் வளையம் போல ஒரு வோஷர்: மெல்லியதைப் போட்டால் பெற்றோல் மட்டம் ஏறும், தடித்ததைப் போட்டால் இறங்கும். நிஸாம் வழக்கம்போல எஞ்சினை ஓடவிட்டு நிறுத்தி, மேல்மூடியைக் கழற்றி, கிண்ணத்து விளிம்பில் அடிமட்டத்தை வைத்து அளந்து பார்த்தார். பெற்றோல் மட்டம் அச்சொட்டாக, இருக்க வேண்டிய இடத்திலேயே இருந்தது. தொடவே வேண்டியதில்லை.

அதைச் சொல்லியிருக்கலாம். ஆனால் உள்ளே ஜஹானாவும் நதாவும் லெட்சுமணனின் பகிடிக்கு விழுந்து விழுந்து சிரிப்பது கேட்டது. நிஸாம் டப்பாவைத் துழாவி, இருப்பதிலேயே தடித்த வோஷரை எடுத்துப் போட்டார். பெற்றோல் மட்டம் இறங்கட்டும். ஏற்றத்தில் எஞ்சின் காய்ந்து நிற்கட்டும்.

"நாளைக்கு ஹந்தானைக்கு ஒருக்கா ஏத்திப் பாத்துடு மச்சான்" என்று வேறு சொல்லி அனுப்பினார். நாளைக்கு நின்றால்தானே நல்லது? கலியாணத்தன்று நின்றால் நடுவீதியில் நிற்கப்போவது தன் மகள். எதிரிக்குச் சகுனத்தடை என்று தன் மூக்கையே அறுத்துக்கொண்டவன் கதையாகிவிடும்.

மறுநாள் முழுக்க ஃபோனைச் சட்டைப் பையிலேயே வைத்திருந்தார். "நிண்டிருச்சு மச்சான்" என்ற அந்த ஒரு சொல்லுக்காகக் காத்திருந்தார். கோல் வரவில்லை. அஸர் தொழுகைக்குப் பிறகு வாசலில் ஹோர்ன்தான் கேட்டது.

"பூ மாதிரி ஏறிருச்சு மச்சான்!" லெட்சுமணன் இறங்கிவந்து அவரைக் கட்டிப்பிடித்தார். "பொகையும் இல்ல, நாத்தமும் இல்ல. பாஸே தொறந்து பாத்துட்டு அசந்துட்டாரு. ஓன் வாசலு இப்புடிச் சரிஞ்சு கெடக்கு, கிண்ணத்துல பெற்றோல் ஒரு பக்கமா சாஞ்சுதானே நிக்கும்? அந்தச் சரிவையும் கணக்குப் பண்ணி வச்சிருக்க பாரு. அதுதான்டா கை!"

நிஸாம் தன் முற்றத்தைப் பார்த்தார். மழைத்தண்ணீர் ஓடிவிட வேண்டுமென்று அவரே சாய்வாகக் கொங்கிறீட் போட்ட முற்றம். அதில் நிறுத்தித்தான் இத்தனை வருடமும் அளந்தார், அதுவும் மேட்டுப் பக்க விளிம்பில். பெற்றோல் குறைவாகத் தெரியும். மெல்லிய வோஷராகத் தேடிப்பிடித்துப் போட்டு மட்டத்தை ஏற்றுவார். முந்தாநாள் வரை சரியென்று நம்பியதும், நேற்று லெட்சுமணன் காரில் அச்சொட்டாகத் தெரிந்ததும் உண்மையில் கூடுதல்தான். யா அல்லாஹ்! தன் காரை மூச்சுமுட்ட வைத்தது தன் கையேதான். பார்த்துப் பார்த்துச் செய்தது நாறியது; கெடுக்கப் போட்டது பூவாக ஏறுகிறது.

வெட்கம் வந்திருக்க வேண்டும். வந்தது பொறாமைதான், முன்னைவிடப் பச்சையாக. நான் செய்த கெடுதலும் அவனுக்கே அதிர்ஷ்டமாகப் போய்ச் சேர்ந்துவிட்டதே!

"ஓன் காரையும் இதே மாதிரி வச்சிரேன்" என்றார் லெட்சுமணன்.

நிஸாம் பதில் சொல்வதற்குள் நதா காரில் கட்டும் வெள்ளை ரிப்பனோடு ஓடிவந்தாள். கையில் மருதாணி இன்னும் காயவில்லை.

"உம்மா, கேட்டீங்களா? நாளைக்கு நான் வாப்பா செஞ்ச கார்லதான் போற!" என்று வீட்டுப் பக்கம் திரும்பிக் கத்தினாள். கண்ணெல்லாம் சிரிப்பு. "இந்த நுனியப் புடிங்க வாப்பா. என்ட கை பட்டா அழுக்காகிடும்."

லெட்சுமணன் மறுநுனியைப் பிடித்துக்கொண்டு காரின் முன்னால் போய் நின்றார். நிஸாம் கையை நீட்டி வாங்கினார். காலையிலிருந்து தன் காரைக் குடைந்த கை. வெள்ளை ரிப்பனில் பெருவிரல் பட்ட இடத்தில் கறுப்பாக ஒட்டிக்கொண்டது. நதா பார்ப்பதற்குள் அதை உள்ளங்கைக்குள் மடித்து இறுக்கிப் பிடித்தார்.

"இழு மச்சான், தொய்யுது" என்றார் லெட்சுமணன்.