கேட்டிலிருந்து வாசற்படி வரை

கேட்டிலிருந்து வாசற்படி வரை முப்பத்திரண்டு அடி. அகலம் பத்தடி. அவ்வளவுதான் இடம். ஆனால் போன மழையில் கார் அதற்குள் சிக்கிக்கொண்டு, பின்சக்கரம் சுற்றின சுற்றில் சுவரெல்லாம் சேறு. அவள் வேலை செய்யும் லேபில் பரிசோதனைக்கு ரத்தம் கொடுக்க வெறும் வயிற்றோடு வந்து உட்கார்ந்திருந்த பதினான்கு பேர் அன்று ஏழரை மணி வரை அவளைத் திட்டிக்கொண்டே காத்திருந்தார்கள். மண் தரை போதும், ஏதாவது ஒன்றைப் போட்டே தீரவேண்டும் என்று அன்றைக்கே முடிவாகிவிட்டது. எதைப் போடுவது என்பதில்தான் மூன்று மாதமாக இழுபறி.

வீட்டில் இரண்டு பேர், ஒரு கார். அவள் கணவனுக்கு ரொட்டித் தொழிற்சாலையில் இரவு வேலை. பெரிய அடுப்புகளுக்கு அவன்தான் பொறுப்பு. அவள் ஆஸ்பத்திரி லேபில் ரத்தம் எடுப்பவள். விடியற்காலையில் அவன் கொண்டுவந்து நிறுத்தும் காரை ஆறு மணிக்கு அவள் எடுத்துக்கொண்டு போவாள். லேபில் ஆள் குறைவு என்பதால் பொழுது சாயத்தான் திரும்புவாள். அவன் அப்போது சாவிக்காக வாசலில் நிற்பான். கார் சீட்டுக்குச் சூடு ஆறவே நேரமிருக்காது. "உங்க ரெண்டு பேர் கூடவும் ஒழுங்கா குடித்தனம் பண்றது அந்தக் கார் ஒண்ணுதான்" என்று அவளுடைய அக்கா போனில் கிண்டல் செய்வாள்.

அந்த அக்காவைத் தவிர வேறு யாருக்கும் அவள் சொல்லாத ஒரு விஷயம் இருந்தது. அவன் ஐந்தே முக்காலுக்கு வீட்டுக்குள் வருகிறான், ஆனால் வாசலுக்கு ஐந்தேகாலுக்கே வந்துவிடுகிறான். எப்படியோ அந்த நேரத்துக்கு அவளுக்கு விழிப்பு வந்துவிடும். பாதித் தூக்கமும் பாதி விழிப்புமாக, தண்ணீருக்கு அடியில் படுத்திருப்பதுபோல் ஒரு நிலை. தெரு மேட்டிலிருந்து கார் சத்தமே இல்லாமல் இறங்கி வரும். இஞ்சின் ஓடாது, விளக்கு எரியாது. அவள் திறந்து வைத்திருக்கும் கேட்டுக்குள் நுழைந்து, ஜன்னலுக்கு நேரே நிற்கும். திரைச்சீலையை விரலால் லேசாக விலக்கிப் பார்ப்பாள். உள்ளே அவன் தலை தெரியும். அவன் இறங்க மாட்டான்.

இருபத்தைந்து நிமிஷம் அப்படியே உட்கார்ந்திருப்பான். ஐந்து நாற்பதுக்கு அவளுடைய அலாரம் அடிக்கும். அதற்கப்புறம்தான் கார்க் கதவு திறக்கும், பூட்டில் சாவி திரும்பும். "எழுந்துட்டியா?" என்பான். "இப்பதான்" என்பாள். பிறகு குளியல், சீருடை, டிபன்பாக்ஸ் என்று ஓட்டம். வாசலில் சாவி கைமாறும்போது விரலோடு விரல் படும். அன்றைய தாம்பத்தியம் அதோடு சரி.

கேட்டுவிட வேண்டியதுதானே என்று தோன்றும். கேட்டால் பதில் வந்துவிடுமே, அதுதான் பயம்.

"கார்ல உக்காந்து என்ன பண்றான்? யார்கிட்டயாவது போன் பேசறானா?" என்று அக்கா கேட்டிருந்தாள்.

"போன் வெளிச்சம் எதுவும் தெரியல."

"அப்ப தூங்கறான்."

"தூங்கறதுக்கு வீட்டுக்குள்ள வரலாமேக்கா."

அக்கா பேச்சை மாற்றினாள். அக்கா கிண்டல் செய்யாமல் விடுவது வருஷத்துக்கு ஒருமுறை நடந்தால் அதிகம்.

இதற்கு நடுவில் ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு கடிதம் வந்திருந்தது. வேறு ஊரில் புதிதாகத் திறக்கும் கிளையில் லேபுக்கு அவளைத் தலைமையாகப் போடுகிறார்களாம். தங்க வீடு உண்டு. வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். கடிதத்தை அவள் கைப்பைக்குள்ளேயே வைத்திருந்தாள், அவனிடம் காட்டவில்லை. வீட்டு வாசலில் வந்து நின்றும் உள்ளே வரப் பிடிக்காமல் உட்கார்ந்திருக்கிற ஒரு மனிதனுக்காக இந்த ஊரில் எதற்குக் கிடக்க வேண்டும் என்று ஒரு மனம் சொன்னது. இன்னொரு மனம் எதுவும் சொல்லாமல் திரைச்சீலையையே பார்த்துக்கொண்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை இருவருக்கும் விடுமுறை. தரை போடுகிற கான்ட்ராக்டர் வந்தார். வாயைத் திறந்தால் சதுரடியில்தான் பேசுவார் என்பதால் அந்த வட்டாரத்தில் அவருக்குப் பெயரே சதுரடி. வேனிலிருந்து மாதிரிகளை இறக்கி மண்ணில் வரிசையாக வைத்தார்: ஒரு கான்கிரீட் பலகை, ஒன்றோடொன்று கோத்த சிமெண்ட் கற்கள், மரச்சட்டத்துக்குள் கொட்டின ஜல்லி.

"இதுல நெனப்புல வச்சுக்க வேண்டியது ஒண்ணுதான் தங்கச்சி" என்றார். "கான்கிரீட்ட போட்டா போட்டதுதான். மனசு மாறினா உடைக்கணும். கோக்கிற கல்லு அப்படியில்ல, ஒண்ண எடுத்து ஒண்ண மாத்திக்கலாம். ஜல்லி லேசான வேலை, தண்ணி நிக்காது, ஆனா வாயாடி. ஒரு பூனை நடந்தாக்கூட ஊருக்கே சொல்லிடும்." பேசிக்கொண்டே ஜன்னலை நிமிர்ந்து பார்த்தார். "படுக்கை ரூம் இந்தப் பக்கமா? அப்ப ஜல்லி வேண்டவே வேண்டாம்."

"ஆமாங்க" என்றான் அவன், கொட்டாவியோடு. அவனுக்கு அது நடு ராத்திரி மாதிரி. "சத்தமே வரக் கூடாது. வந்தது போனது யாருக்கும் தெரியக் கூடாது. கான்கிரீட்டே போட்டுடுங்க."

அந்த வார்த்தை அவளைச் சுருக்கென்று தைத்தது. வந்தது தெரியக் கூடாதாம். திருட்டுத்தனத்துக்கு ஒரு தரையா என்று நினைத்தாள். நினைத்த கையோடு வாய் முந்திக்கொண்டது.

"எனக்கு ஜல்லிதான் வேணும்."

அவன் திரும்பிப் பார்த்தான். "ஜல்லியா? அத பெருக்கக்கூட முடியாது. இலை விழுந்தா ஒவ்வொண்ணா பொறுக்கணும்."

"நான் பொறுக்கறேன்."

"எப்ப பொறுக்குவ? வீட்ல இருக்கற நேரமே கொஞ்சம்."

"நீங்க மட்டும் ரொம்ப இருக்கீங்களா?"

சதுரடி டேப்பைச் சரக்கென்று சுருட்டினார். "இருபது வருஷமா தரை போடறேன். புருஷன் பொண்டாட்டி சண்டைன்னா கலர்லதான் வரும், அவருக்குச் சாம்பல், அம்மாவுக்குச் செவப்புன்னு. சத்தத்துக்குச் சண்டை போடற வீட்ட இப்பதான் பாக்கறேன். மாதிரி இங்கயே இருக்கட்டும். மிதிச்சு நடந்து பாருங்க. புதன்கிழமை போன் பண்றேன்."

அன்று சாயங்காலம் அவன் மறுபடியும் தூங்கப் போனபின், அவள் செருப்பைக் கழற்றிவிட்டு மாதிரிகள் மேல் ஒவ்வொன்றாக ஏறி நின்றாள். கான்கிரீட் பகல் வெயிலை இன்னும் விடாமல் வைத்திருந்தது; பாதத்துக்கு இதமாக இருந்தது, ஆனால் ஒன்றும் சொல்லவில்லை. சிமெண்ட் கற்கள் மரியாதையாகத் தாங்கின. ஜல்லி உறுத்தியது. ஒரு காலைத் தூக்கி மறு காலை வைத்ததும் கறமுறவென்று பேசியது. தலைக்கு மேலே வானம் நீலம் போய்ச் சாம்பலாகிக்கொண்டிருந்தது. எவ்வளவு நேரம் அப்படி நின்றாளோ தெரியாது, அந்த மூன்று சதுரங்களும் வீடும் கேட்டும் மெல்ல மிதப்பது போலிருந்தது.

அன்றிரவு ஒரு கனவு கண்டாள். கேட்டுக்கும் வாசற்படிக்கும் நடுவே உள்ள இடம் நீண்டுகொண்டே போகிறது. முப்பத்திரண்டு அடி முந்நூறாகி, மூவாயிரமாகி, கடைசியில் ஒரு அகலமான ஆறாகிவிடுகிறது. தூரத்தில் அவர்களுடைய கார் படகு மாதிரி மிதந்து வருகிறது. சுற்றிலும் தண்ணீரில் ரொட்டிகள் மிதக்கின்றன. கார் வந்துகொண்டே இருக்கிறது, கரைக்கு மட்டும் வரவில்லை. அவள் கூப்பிடுகிறாள். அவன் சிரித்துக் கையை அசைக்கிறான். கோபமே இல்லாத அந்தச் சிரிப்புதான் விழித்த பிறகும் அவளை வாட்டியது.

திங்களும் செவ்வாயும் எப்படிப் போயின என்று அவளைக் கேட்டால் சொல்லத் தெரியாது. கை தன்பாட்டுக்கு நரம்பைத் தேடியது, ஊசி தன்பாட்டுக்கு இறங்கியது, குழாய்களில் பெயர் ஒட்டினாள். "மெதுவாக் குத்தறீங்கம்மா, தெரியவே இல்ல" என்று ஒரு அம்மாள் சொன்னபோதுதான் எதிரே ஆள் இருப்பதே உறைத்தது.

புதன்கிழமை ஐந்து மணிக்கு அவள் எழுந்து வெளியே போய் வாசற்படியில் உட்கார்ந்தாள். துணிச்சல் என்று அதைச் சொல்ல முடியாது. படுத்திருக்க முடியவில்லை, அவ்வளவுதான். லேசான மூடுபனி. தெருவிளக்கு அதற்குள் ஒரு மஞ்சள் பொட்டாகத் தெரிந்தது. மேட்டு முனையில் ஒரு இஞ்சின் அடங்கிய சத்தம் கேட்டது. பிறகு பனிக்குள்ளிருந்து கார் மிதந்து வந்தது, கனவில் வந்தது போலவே. ஆனால் இது கரைக்கு வந்தது. அவளைப் பார்த்ததும் அவன் பிரேக்கை ஓங்கி மிதித்தான்.

அவள் போய் மறுபக்கக் கதவைத் திறந்து உள்ளே உட்கார்ந்தாள். காரெல்லாம் ரொட்டி வாசனை. அவன் புருவத்தில் மாவு படிந்திருந்தது.

"என்னாச்சு? உடம்புக்கு என்ன?" அவன் அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தான்.

"உடம்புக்கு ஒண்ணுமில்ல. நீங்க ஏன் உள்ள வர மாட்டேங்கறீங்க?"

"எப்ப?"

"தினமும். அஞ்சேகாலுக்கு வந்துட்டு அஞ்சே முக்கால் வரைக்கும் இங்கயே உக்காந்திருக்கீங்களே."

அவன் அவளை விநோதமாகப் பார்த்தான். "அது உனக்கு எப்படித் தெரியும்? நீ தூங்கிட்டில்ல இருப்ப?"

"ரெண்டு வருஷமா முழிச்சுட்டுத்தான் இருக்கேன். ஜன்னல் வழியா உங்க தலையப் பாத்துட்டே படுத்திருப்பேன்."

"ரெண்டு வருஷமாவா?" என்றான். ஸ்டியரிங்கில் ஒட்டியிருந்த மாவைக் கட்டைவிரலால் துடைத்தான். பிறகு மெதுவாகச் சொன்னான். "நீதானே சொன்ன. வேலைக்குச் சேந்த புதுசுல. நான் கதவத் தொறந்தா முழிப்பு வந்துடுது, அப்புறம் தூக்கமே வரல, அந்தத் தூக்கக் கலக்கத்தோட போய் ஒரு பெரியவருக்கு மூணு தடவ குத்திட்டேன்னு அழுதியே. அதான் மேட்டுலயே இஞ்சின நிறுத்திடறது. அலாரம் அடிக்கிற வரைக்கும் நீ தூங்கட்டுமேன்னு."

அவளுக்கு அந்தப் பெரியவரே மறந்து போயிருந்தார். அழுததும் மறந்திருந்தது. முதலில் வந்தது கோபம்தான். ஒரு நாள், ஏதோ ஒரு அலுப்பில் சொன்ன பேச்சு. அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டு ஒரு மனிதன் குளிரிலும் மழையிலும் தினம் இருபத்தைந்து நிமிஷம் காருக்குள் காவல் இருந்திருக்கிறான். இவளோ பத்தடி தள்ளிப் படுத்துக்கொண்டு அவனைச் சந்தேகப்பட்டிருக்கிறாள். எத்தனை விடியல்கள் வீணாகப் போயின என்று எண்ணிப் பார்க்க அவளுக்குத் தைரியம் வரவில்லை.

"நீ என்னன்னு நெனச்ச?" என்று கேட்டான்.

"உங்களுக்கு உள்ள வரப் பிடிக்கலன்னு."

"அடிப்பாவி" என்றான், சத்தமே வராமல்.

அவள் கடிதத்தைப் பற்றிச் சொன்னாள். மறைத்ததையும் சேர்த்துச் சொன்னாள். அவன் முழுசாகக் கேட்டுவிட்டு, "நல்ல வேலையா?" என்றான்.

"நல்ல வேலைதான்."

"போகணுமா?"

"நேத்து வரைக்கும் போகணும்னு இருந்துச்சு."

வீட்டுக்குள் அலாரம் அடிக்க ஆரம்பித்தது. அணைக்க ஆளில்லாமல் அடித்துக்கொண்டே இருந்தது. அவன் தலையை அவள் தோளில் சாய்த்தான். மாவெல்லாம் நைட்டியில் ஒட்டப்போகிறது என்று தோன்றியது, ஒட்டட்டும் என்று விட்டுவிட்டாள். அவள் அன்று லேபுக்குத் தாமதமாகத்தான் போனாள்.

மத்தியானம் சதுரடி போன் செய்தபோது, "ஜல்லி" என்றாள். "அவரு ஒத்துக்கிட்டாரா?" என்றார் அவர் நம்பாமல். ஆஸ்பத்திரிக் கடிதத்துக்கான பதிலை வியாழக்கிழமை சாயங்காலம் காரிலேயே உட்கார்ந்து இருவருமாக எழுதினார்கள். ஊர் மாற முடியாது, ஆனால் இங்கேயே நேரத்தை மாற்றிக் கொடுத்தால் நல்லது என்று ஒரு வரியும் சேர்த்தார்கள். அதற்கு இன்றுவரை பதில் இல்லை.

அடுத்த வாரம் இரண்டே நாளில் வேலை முடிந்தது. மண்ணை வெட்டி, அடியில் கெட்டிப்படுத்தி, ஓரக்கல் பதித்து, மேலே ஜல்லியைப் பரப்பினார்கள். "இனிமே இஞ்சின நிறுத்தாம விளக்கப் போட்டுட்டு வரணும், சொல்லிட்டேன்" என்றாள் அவள். முதல் சத்தத்திலேயே எழுந்து கதவைத் திறந்துவிடுவது என்று திட்டம். இருபத்தைந்து நிமிஷம். தேநீர் போடலாம், எதிரெதிரே உட்காரலாம், ஒன்றும் இல்லாவிட்டால் சண்டையாவது போடலாம்.

மறுநாள் விடியலில் வழக்கம்போல் விழித்துக்கொண்டாள். வழக்கம்போலவே தண்ணீருக்கு அடியில் கிடந்தாள். மேட்டிலிருந்து இஞ்சின் இரைச்சலோடு இறங்கியது. விளக்கு வெளிச்சம் கூரையில் ஒரு முறை நடந்து போனது. பிறகு ஜல்லி பேசியது, பெரிய பாத்திரத்தில் யாரோ நிதானமாக அரிசி களைகிற மாதிரி. வந்துவிட்டான் என்று நினைத்தாள். அந்த ஒரு நினைப்பில் இரண்டு வருஷமாக உடம்பில் எங்கேயோ இறுக்கிப் பிடித்திருந்தது விட்டுப்போயிற்று. ஜல்லியில் காலடிகள் வாசற்படியை நோக்கி வந்தன. எத்தனை காலடி என்று எண்ணத் தொடங்கினாள். நாலு வரை நினைவிருக்கிறது.

தோளில் ஒரு கை பட்டது. ஜன்னலில் நல்ல வெளிச்சம். அவன் கட்டிலை ஒட்டித் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தான், வேலைச் சட்டையைக்கூடக் கழற்றவில்லை.

"மணி ஆறாகப் போகுது. கெளம்பு."

அவள் வாரிச்சுருட்டிக்கொண்டு எழுந்தாள். "அலாரம் அடிக்கலையா?"

"அடிச்சுது. நான்தான் நிறுத்தினேன். நீ இப்படி வாயைப் பொளந்துட்டுத் தூங்கி நான் பாத்ததே இல்ல. எழுப்ப மனசு வரல."

அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "அந்த இருபத்தஞ்சு நிமிஷத்துக்காகத்தானே இவ்ளோ ஜல்லியக் கொட்டினோம். இன்னிக்கும் போச்சே."

"எங்க போச்சு?" என்றான் அவன். "நான் உள்ளதானே உக்காந்திருந்தேன்."