தூத்துக்குடிக்கு ஒரு ட்ரங்க் கால்

அறுபத்தேழாம் வருஷம் மார்ச் மாதத்தில் ஒரு சனிக்கிழமை, மாட்டுங்கா மார்க்கெட்டில் பாகீரதி முருங்கைக்காய்க்கு விலை கேட்டுக்கொண்டிருந்தாள். பக்கத்தில் வெங்காயம் பொறுக்கிக்கொண்டிருந்த இளைஞன் அவள் குரலைக் கேட்டுச் சட்டென்று நிமிர்ந்தான்.

“நீங்க ட்ரங்க் ஆபரேட்டர்தானக்கா?”

பாகீரதிக்குத் தூக்கிவாரிப்போட்டது. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வெளியூர் லைன் போட்டுக் கொடுக்கிற பதினான்கு வருஷ சர்வீஸில் யாரும் அவளை இப்படித் தெருவில் கண்டுபிடித்ததில்லை. எப்படித் தெரியும் என்று கேட்டாள். அவன் தூத்துக்குடிக்கு ஒரு கால் புக் செய்துவிட்டு மூன்று மணி நேரம் காத்திருந்த ஒரு நாள், ‘லைன் இன்னும் கிடைக்கலை, நான் விடாம பார்த்துண்டே இருக்கேன்’ என்று அவள் தமிழில் சொன்னாளாம். அந்தக் குரல் அவனுக்கு மறக்கவில்லை. அவன் பெயர் பிரம்மநாயகம். ட்ராம்பேயில் அணுசக்தி நிலையத்தில் டிராஃப்ட்ஸ்மேன், செம்பூரில் அறை. ஞாயிற்றுக்கிழமைகளில் மூன்று நண்பர்களோடு கிதார் வாசிக்கிறான். அவர்கள் குழுவுக்கு ‘சண்டே லோக்கல்ஸ்’ என்று பெயர்.

அன்று வீட்டுக்குப் போன பிறகும் அந்தக் கேள்வி பாகீரதியின் காதில் இருந்தது. அவளுக்கு முப்பத்தாறு வயது. படுத்த படுக்கையாக இருந்த அம்மாவை எட்டு வருஷம் பார்த்துக்கொண்டாள். கல்யாணப் பேச்சு அதற்குள் தானாக நின்றுபோயிருந்தது. அம்மா போன ஐப்பசியில் போய்ச் சேர்ந்தாள். ஜாம்ஷெட்பூரிலிருக்கும் அண்ணா தீபாவளிக்கு ஒரு கார்டு போடுவார். காலை எட்டிலிருந்து நாலு வரை காதில் ஹெட்செட்டோடு ஊர் ஊராகப் பேசுகிறவளுக்கு, வீட்டுக்கு வந்தபின் வாய் திறக்க வேண்டிய அவசியமே இல்லை. சில ஞாயிற்றுக்கிழமைகளில் சாயங்காலம் பால்காரனிடம் பேசும்போது குரல் கரகரக்கும். அன்று முழுக்க ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை என்பது அப்போதுதான் உறைக்கும்.

அடுத்த சனிக்கிழமையும் பிரம்மநாயகம் மார்க்கெட்டில் நின்றான். இந்த முறை அவளுக்காகவே வந்திருந்தான். அவர்கள் ஓர் இங்கிலீஷ் பாட்டை ரிக்கார்டாகப் போடப்போகிறார்கள். எல்லாக் குழுக்களும் இரைச்சலாக வாசிக்கும்போது இவர்கள் மட்டும் முப்பது வருஷத்துக்கு முந்தைய நடன மண்டபப் பாட்டு மாதிரி, சாக்ஸபோனும் தேய்ந்த ரிக்கார்டின் கீறல் சத்தமுமாக ஒன்று செய்யப்போகிறார்கள். ஒருவன் தன் காதலியோடு பேசத் தூத்துக்குடிக்கு ட்ரங்க் கால் போடுகிறான். லைன் கிடைக்கவில்லை. ஆபரேட்டர் காத்திருக்கச் சொல்லிக்கொண்டே இருக்கிறாள். கடைசியில், உங்கள் ஊர்க்காரி எடுக்கவில்லை, நானாவது கேட்டுக்கொண்டிருக்கிறேன், பேசுங்கள் என்று அவளே பாடுகிறாள்.

“நடிச்சா ஒட்டாதுக்கா. நெசமான ஆபரேட்டர் வேணும்” என்றான்.

பாகீரதி முடியாது என்று சொல்லிவிட்டாள். சர்க்கார் உத்தியோகஸ்தர்கள் அனுமதியில்லாமல் இதிலெல்லாம் போகக்கூடாது. பெயரே போட வேண்டாம், யாருக்கும் தெரியாது என்றான் அவன். அவள் நாலு நாள் யோசித்தாள். சின்ன வயதில் பாட்டு வாத்தியாரிடம் ஆறு வருஷம் கற்றுக்கொண்டதை நினைத்துப் பார்த்தாள். பிறகு அவன் கொடுத்திருந்த நம்பருக்கு அவளே போன் செய்தாள். பெயர் எங்கும் வரக்கூடாது என்பதை மட்டும் இரண்டு தடவை சொன்னாள்.

ரிக்கார்டிங் தாதரில் ஒரு மாடியில் நடந்தது. சாக்ஸபோனும் டிரம்ஸும் வாசிக்கிற கோவாக்கார அண்ணன் தம்பி, ஒரு பார்சிப் பையன், பிரம்மநாயகம். யாரும் கேட்காமலே பாகீரதி ஐந்து பேருக்குப் புளியோதரை கட்டிக்கொண்டு போயிருந்தாள். பழைய ஸ்டாண்டு டெலிபோன் ஒன்றை அவள் கையில் கொடுத்து அதில் பாடச் சொன்னார்கள். அதன் மறுமுனையில் இன்னொரு அறையிலிருந்த ரிசீவரை மைக்குக்கு முன்னால் கட்டி வைத்திருந்தார்கள். அப்போதுதான் குரல் மெலிந்து, தூரத்திலிருந்து, பழைய காலத்திலிருந்து வருவது போலக் கேட்குமாம். ஏழாவது தடவை சரியாக வந்தது. போட்டுக் காட்டினார்கள். தன் குரலை வெளியிலிருந்து கேட்பது அவளுக்கு அதுதான் முதல் தடவை. யாரோ ஒருத்தி, என்றைக்கோ இருந்தவள் பாடுகிற மாதிரி இருந்தது. புளியோதரை ஒரு பருக்கை மிஞ்சவில்லை. சாக்ஸபோன்காரர் அவள் கையைப் பிடித்துக் குலுக்கினார். தாதரிலிருந்து மாட்டுங்காவுக்கு அவள் நடந்தே வந்தாள்.

மே மாதம் ரிக்கார்டு வந்தது. லேபிளில் ‘சண்டே லோக்கல்ஸ், ஆபரேட்டருடன்’ என்று மட்டும் இருந்தது. வந்த வேகத்தில் பிடித்துக்கொண்டது. ரேடியோவுக்கு நேயர்கள் கேட்டு எழுதினார்கள். ஸ்டேஷன் எதிரே இருந்த இரானி ஹோட்டலில், காசு போட்டால் பாடும் ஜூக்பாக்ஸில் ஓயாமல் ஓடியது. எக்ஸ்சேஞ்சில் அவள் கூட வேலை செய்கிற பெண்கள் அதை முணுமுணுத்தார்கள். யார் அந்த ஆபரேட்டர் என்று சாப்பாட்டு வேளையில் விவாதம் நடந்தது. பைகுலாவிலிருந்து வருகிற ஆங்கிலோ இந்தியப் பெண்தான் என்று ஒருத்தி அடித்துச் சொன்னாள். அந்தப் பெண் மறுக்கவுமில்லை, சிரித்துக்கொண்டாள். பாகீரதி டப்பாவை மூடிக்கொண்டு எழுந்து போனாள். பெயர் வேண்டாம் என்றவள் அவள்தான். இருந்தும் அந்தச் சிரிப்பு அவளைத் தைத்தது.

பிரம்மநாயகம் பிறகு மார்க்கெட்டுக்கு வரவில்லை. ஜூன் கடைசியில் ஒரு போஸ்ட் கார்டு மட்டும் வந்தது. செம்பூரில் ஒரு பள்ளிக்கூட ஹாலில் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவர்கள் வாசிக்கிறார்கள், அக்கா அவசியம் வரவேண்டும்.

பாகீரதி கத்தரிப்பூ நிறத்தில் புதிதாக ஒரு புடவை எடுத்தாள். மேடையில் கூப்பிடுவார்களோ என்று பயமாக இருந்தது. கூப்பிட்டால் என்ன சொல்வது என்பதையும் தயாராக வைத்திருந்தாள். ஹால் நிரம்பியிருந்ததால் கடைசி வரிசைக்குப் பின்னால் சுவரோரம் இடம் கிடைத்தது. கடைசிப் பாட்டாக அதை அறிவித்ததும் ஹாலே எழுந்து கை தட்டியது. மேடைக்கு ஓர் இளம் பெண் வந்தாள். நெற்றியில் சுருட்டிய முடி, பழைய மோஸ்தர் கவுன், கையில் அதே ஸ்டாண்டு டெலிபோன். ஓரமாக ரிக்கார்டு சுழல, எல்லாரும் வாசிப்பது போல் பாவனை செய்தார்கள். அந்தப் பெண் வாயசைத்தாள். பாகீரதியின் குரல் அவள் வாயிலிருந்து வந்தது. பக்கத்தில் நின்ற ஒருவர், பாட்டுக்கேற்ற முகம் என்று பாராட்டினார்.

முடிந்ததும் மேடைக்கருகே போனாள். பிரம்மநாயகத்தைச் சுற்றிக் கூட்டம். அவன் அவளைப் பார்த்துத் தலையசைத்து, இதோ வந்துவிடுகிறேன் என்று கை காட்டினான். கால் மணி நேரம் நின்றாள். பிறகு ஸ்டேஷனுக்கு நடந்தாள்.

குர்லாவில் வண்டி மாறி ஏறியபோது பெண்கள் பெட்டியில் அந்தப் பெண்ணே எதிரில் வந்து உட்கார்ந்தாள். கவுனைப் பையில் திணித்திருந்தாள். முகத்தில் பவுடர் மட்டும் மிச்சம். பெயர் பூமாரி, தாராவியில் வீடு, சினிமாவில் கூட்டத்தோடு ஆடுகிறவள். நன்றாகச் செய்தாய் என்றாள் பாகீரதி. பூமாரிக்குச் சந்தோஷம்.

“அது பழைய ரிக்கார்டுலேருந்து எடுத்த குரல் போலக்கா. கேட்டாலே தெரியுதுல்லா? பாடின பொம்பள இந்நேரம் செத்துப் போயிருக்கும். பாவம்.”

பாகீரதி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். வெளியே மழை பிடித்திருந்தது. அதைப் பார்த்தபடியே சொன்னாள்.

“சாகலை. நான்தான் அது.”

பூமாரி அவளை மேலும் கீழும் பார்த்தாள். கேலியாகப் பார்க்கவில்லை. “அப்படியாக்கா? எங்க, ரெண்டு வரி பாடுங்க பாப்பம்” என்றாள்.

பாகீரதி வாயைத் திறந்தாள். மீன்கூடைக்காரிகள் இருவர் திரும்பிப் பார்த்தார்கள். முதல் வார்த்தையிலேயே குரல் உடைந்தது. மறுபடி முயன்றாள். காற்றுத்தான் வந்தது.

“பரவாயில்லக்கா” என்றாள் பூமாரி, மிகவும் மெதுவாக. மழை இந்த வருஷம் விடாமல் பெய்வதைப் பற்றிப் பேச ஆரம்பித்தாள். சயான் வந்ததும் பத்திரமாகப் போங்க என்று சொல்லிவிட்டு இறங்கினாள். அவள் நம்பவில்லை என்பது பாகீரதிக்குத் தெரிந்தது. கோபம் வரவில்லை. அந்த இடத்தில் தானே இருந்திருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன் என்று நினைத்துக்கொண்டாள்.

திங்கட்கிழமை காலை ஹெட்செட்டை மாட்டுவதற்கு முன் அவள் நேராகச் சூப்பர்வைசர் அறைக்குப் போனாள். அந்த ரிக்கார்டில் பாடியது நான், அனுமதி வாங்கவில்லை என்றாள். சூப்பர்வைசர் நல்ல மாதிரி. இதைக் கேட்காதது போல் விட்டுவிடுகிறேன், போய் வேலையைப் பார் என்று இரண்டு தடவை சொல்லிப் பார்த்தார்.

“இல்ல சார், எழுதிக்கோங்கோ” என்றாள் பாகீரதி.

பத்து நாளில் மெமோ வந்தது. அவள் முழுப் பெயர், அப்பா பெயர், பதவி, ரிக்கார்டின் பெயர், நம்பர். மேற்படி இசைத்தட்டில் நீங்கள் பாடியதாக ஒப்புக்கொண்டிருப்பதால், ஏழு நாளில் விளக்கம் தரவும். அன்று சாயங்காலம் பதில் எழுத உட்கார்ந்தாள். முதலில் எழுதியது மூன்று பக்கம் வந்தது. அம்மா, மார்க்கெட், தாதர் மாடி எல்லாம் அதில் இருந்தன. படித்துப் பார்த்துக் கிழித்தாள். இரண்டாவதையும் கிழித்தாள். கடைசியில், ‘ஆம், அந்தக் குரல் என்னுடையது’ என்று இங்கிலீஷில் ஒரே வரி எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

ஒரு வருஷ இன்கிரிமென்ட்டை நிறுத்தினார்கள். எக்ஸ்சேஞ்சில் செய்தி பரவியது. பைகுலாப் பெண் அவளிடம் பேசுவதை நிறுத்திக்கொண்டாள். மற்றவர்கள் இரண்டு நாள் ஆச்சரியப்பட்டார்கள், பிறகு அவரவர் டப்பாவைத் திறந்து சாப்பிட்டார்கள். யாரும் பாடிக் காட்டு என்று கேட்கவில்லை. மழைக்காலம் முடிவதற்குள் ரேடியோவில் வேறு பாட்டுகள் வந்துவிட்டன. பிரம்மநாயகத்துக்கு ரூர்கேலாவில் வேலை கிடைத்துப் போய்விட்டதாகச் சாக்ஸபோன்காரர் ஒருநாள் தாதர் பிளாட்பாரத்தில் சொன்னார்.

பாகீரதி அந்த மெமோவின் நகலை ரேஷன் கார்டு வைக்கிற தகரப் பெட்டியில் வைத்துக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமைகளில் சில சமயம் அதை எடுத்து, தன் பெயர் இருக்கிற அந்த முதல் பத்தியை மட்டும் வாய்விட்டுப் படிப்பாள்.