பனிமலைக்குப் படிக்கட்டு கிடையாது

1

மழுப்பாமல் சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதை எனக்கு ஒரு லிஃப்டுக்குள் கிடைத்தது. இரண்டு மாடிகளுக்கு நடுவே அது நின்றுபோய், நான் உள்ளே வியர்த்து விறுவிறுத்துக் கிடந்தேன். என்னை மீட்க வந்த மெக்கானிக் கதவுக்கு வெளியே வேலை பார்த்துக்கொண்டே மனைவியிடம் போனில் பேசிக்கொண்டிருந்தார்.

“அந்த ரிசார்ட் வேணாம்மா... பனியெல்லாம் நல்லாத்தான் இருக்கு, யாரு இல்லேன்னா... ஐயோ, உன்கூட வர இஷ்டமில்லாம இல்ல... அழாத. சாயங்காலம் வந்து சொல்றேன்.”

எனக்குக் கேட்டது அவர் பக்கம் மட்டும்தான். மனைவி பேசுவதெல்லாம் இனிமேல் நான் இட்டுக்கட்டப்போவது.

கதவு திறந்தது. கைகொடுத்து என்னை வெளியே ஏற்றிவிட்டார். காலி லிஃப்டை மேலே அனுப்பினார், கீழே வரவழைத்தார், காதைக் கொடுத்துக் கேட்டார், திருப்தியாகத் தலையாட்டினார். “சரியாயிடுச்சு சார். நீங்க மேல போங்க. நான் படியில வர்றேன்.”

தான் சமைத்ததைத் தானே வாயில் வைக்காத சமையல்காரரை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? நானும் படியில்தான் போனேன்.

2

முதல் தொடக்கம்: வெள்ளைப் போர்வை போர்த்திய மலைகளின் மடியில், ஊசியிலை மரங்கள் —

(வேண்டாம். பனியை நான் பார்த்ததெல்லாம் குளிர்சாதனப் பெட்டியின் மேல்தட்டில்தான். மெக்கானிக்கும் அப்படித்தான் என்று நினைக்கிறேன்.)

இரண்டாம் தொடக்கம்: ஒரு மனிதனுக்கு உயரம் என்பது —

(அங்கே ஒருத்தி போனில் அழுதுகொண்டிருக்கிறாள், எனக்குத் தத்துவம் கேட்கிறது.)

மூன்றாவதை வைத்துக்கொள்கிறேன்: அன்று சாயங்காலத்துக்குள் ரிசார்ட்டை முடிவு செய்தாக வேண்டும்.

3

அன்று சாயங்காலத்துக்குள் ரிசார்ட்டை முடிவு செய்தாக வேண்டும். பயண ஏற்பாட்டு அலுவலகம் அதுவரைதான் இடத்தைப் பிடித்துவைத்திருக்கும். கல்யாணமான புதிதில் பேசிய பயணம் இது. வீடு, மகளின் படிப்பு, மாமியாரின் நோய் என்று தள்ளிப்போட்டுத் தள்ளிப்போட்டு, இப்போதுதான் கைக்கு எட்டும் தூரத்தில் வந்து நிற்கிறது.

மெக்கானிக் ஆறு மாடி ஏறி மூச்சிரைக்க வந்து உட்கார்ந்தார். மனைவி மடிக்கணினியை அவர் பக்கம் திருப்பினாள். கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிப்பது அவள் வேலை. வீட்டிலும் அவள் கேள்விக்கு அதே தோரணைதான்.

“இது நல்லா இருக்கா... இல்ல, இதுவா?”

மெக்கானிக்கின் கண் மலையில் நிற்கவில்லை. மலைக்குக் குறுக்கே ஓடிய கம்பிவடத்தில் போய் ஒட்டிக்கொண்டது. அதில் வரிசையாக நாற்காலிகள் தொங்கின. உட்கார்ந்திருந்தவர்களின் கால்களுக்குக் கீழே ஒன்றுமே இல்லை.

“இங்க கூட்டம் அதிகமாம்.”

“அப்ப இது?”

“ரொம்பக் குளிரும்.”

“பனிமலை குளிராம, பின்ன வேர்க்குமா? சரி, இது.”

இதில் நாற்காலி இல்லை. பள்ளத்தாக்கின் மேல் கேபிள் கார் போனது.

“சாப்பாடு சரியிருக்காதுன்னு சொல்றாங்க.”

“யாரு சொல்றாங்க?”

அவர் தானே தேடிவைத்திருந்த ஒரு ரிசார்ட்டைத் திறந்து காட்டினார். சின்ன மேடு. மேலே போகத் தரையோடு தரையாக நகரும் ஒரு ரப்பர் பட்டை. ஏறி நின்றால் போதும், கொண்டுபோய் விடும். எதுவும் எதிலும் தொங்கவில்லை.

படத்தில் இருந்த யாருமே அவள் இடுப்பு உயரம்கூட இல்லை.

“இது குழந்தைங்க சறுக்கப் பழகுற இடங்க.”

“நாமளும் பழகணும்ல?”

அவள் சிரிக்கவில்லை.

4

இந்த இடத்தில் எனக்கு அவர்மேல் சந்தேகம் வந்து பேனாவை வைத்துவிட்டேன். லிஃப்ட் மெக்கானிக்குக்கு லிஃப்ட் பயமா? நம்புவீர்களா? ஒரு காரணம் தேவைப்பட்டது. செய்துகொடுத்தேன்:

ஒருநாள் லிஃப்டின் கூரைமேல் நின்று வேலை பார்த்துக்கொண்டிருந்தபோது அது அவரோடு சேர்ந்து சரிந்தது. ஒரு மாடி போவதற்குள் பாதுகாப்பு பிரேக் பிடித்துக்கொண்டது. உடம்பில் ஒரு கீறல் இல்லை. இறங்கி வந்து, முகத்தைக் கழுவிக்கொண்டு வீட்டுக்குப் போனார். யாரிடமும் மூச்சுவிடவில்லை. அன்றிலிருந்து கூட வேலை செய்பவரை ஏறச் சொல்லிவிட்டு இவர் மோட்டார் அறையோடு நின்றுகொள்கிறார். பிரேக் பிடிக்கும் என்று அவர் மூளைக்கு நன்றாகத் தெரியும். முழங்காலுக்கு யார் சொல்வது?

வெளியே தெரிந்தால் வேலை போய்விடும். மனைவிக்குத் தெரிந்தால் மானம் போய்விடும் என்று நினைக்கிறார். சொல்லாவிட்டால் மனைவியே போய்விடுவாள் என்பது மட்டும் அவருக்கு இன்னும் உறைக்கவில்லை.

(‘பேசாமல் கடற்கரைக்குப் போகலாமே’ என்று ஒரு வாசகர் முணுமுணுப்பது கேட்கிறது. அவளிடம் நீங்களே சொல்லிப் பாருங்கள்.)

5

மனைவி மடிக்கணினியை மூடினாள்.

“எங்க கடைக்கு ஒரு டிரைவர் வந்தார். போர்டுல இருந்த எழுத்தெல்லாம் கடகடன்னு சொன்னார். முன்னாடி போனவங்க சொன்னதை வெளிய உக்காந்து கேட்டு மனப்பாடம் பண்ணிட்டு வந்திருக்கார். நான் போர்டை மாத்துனேன். அப்பவும் அதையேதான் சொன்னார்.”

“இப்ப எதுக்கு அது?”

“நீங்களும் அதைத்தானே பண்றீங்க. கூட்டம், குளிர், சாப்பாடு. படத்தைப் பாத்து ஒரு வார்த்தை சொல்லல. என்கூட வரப் பிடிக்கலேன்னா நேரா சொல்லிடுங்க. நான் எங்க அக்காவோட போறேன். திரும்பி வந்து எங்க இருக்கறதுன்னு அப்புறம் யோசிச்சுக்கறேன்.”

(அந்தக் கடைசி வாக்கியத்தை நான் திட்டமிடவில்லை. அடித்து நீக்கப் பார்த்தேன். ஆனால் அதற்குள் மெக்கானிக்கின் காதில் விழுந்துவிட்டது.)

இந்த மேசையைவிட்டு அவள் எழுந்தால் எல்லாம் முடிந்தது என்று அவருக்குத் தெரிந்தது.

“என்னால லிஃப்ட்ல ஏற முடியல.”

“எதுல?”

“எதுலயும். ரொம்ப நாளா. கூரைமேல நின்னுட்டிருந்தேன், நழுவிடுச்சு. படியேறினா உடம்புக்கு நல்லதுன்னு சொன்னதெல்லாம் பொய்.”

அவள் அவரையே பார்த்தாள்.

“தண்ணி கேனையெல்லாம் படியிலதான் தூக்கிட்டு வந்தீங்களா?”

“ம்.”

“எங்க வீட்டுக்காரருக்கு இந்த வயசுலயும் என்ன தெம்புன்னு ஊரெல்லாம் பெருமை பேசிட்டுத் திரிஞ்சேனே, பாவி மனுஷா!”

சொல்லும்போதே அவள் குரல் உடைந்தது. முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். செருப்பை மாட்டினாள். “வாங்க.”

லிஃப்ட் வந்தது. அவள் உள்ளே போய்க் கதவு மூடாமலிருக்கப் பொத்தானை அழுத்திக்கொண்டு நின்றாள்.

“ஒரே ஒரு மாடி. முடியாதுன்னா சரி, டிராவல்ஸுக்குப் போன் போட்டு வேணாம்னு சொல்லிடறேன். ஆனா அதையும் என் முகத்தைப் பாத்துச் சொல்லுங்க. பனிமலைக்குப் படிக்கட்டு கிடையாதுங்க.”

6

முடிவு ஒன்று: ஏறிவிடுகிறார். அடுத்த பத்தியில் பனி, தொங்கும் நாற்காலி, அவர் கைக்குள் அவள் கை. (எழுதினேன். அழகாக வந்தது. எனக்கே நம்பிக்கையில்லை.)

முடிவு இரண்டு: முடியவில்லை என்கிறார். இருவரும் குழந்தைகள் வரிசையில் நின்று ரப்பர் பட்டையில் ஏறுகிறார்கள். அவள் சிரித்துக்கொண்டே இருக்கிறாள், அவ்வப்போது அண்ணாந்து உச்சியைப் பார்த்துக்கொண்டு. (கிழித்துப்போட்டேன். அந்த அண்ணாந்த பார்வையை என்னால் தாங்க முடியவில்லை.)

முடிவு மூன்று: கம்பிவடம் —

(மாட்டேன்.)

கதை என்னுடையது, கம்பிவடமும் என்னுடையது. அறுந்துபோகாது என்று அவருக்கு நான் வாக்குக் கொடுக்கலாம். ஆனால் என் குரல் அங்கே எட்டாது. எட்டினாலும் என்ன பயன், பிரேக் பிடிக்கும் என்று அவருக்கு முன்பே தெரியுமே.

பொத்தானை இவ்வளவு நேரம் பிடித்திருப்பதால் லிஃப்ட் கீச்சிட ஆரம்பித்துவிட்டது. அவள் விரல் வெளுத்திருக்கிறது. மெக்கானிக்கின் ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே. பின்னால் பேனாவோடு நான். அருகே உங்களுக்கும் இடம் இருக்கிறது.

எல்லா வாக்கியத்தையும் காதைக் கொடுத்துக் கேட்டுவிட்டேன். கதை சரியாகத்தான் ஓடுகிறது. நீங்கள் அவர்களோடு மேலே போங்கள்.

நான் படியில் வருகிறேன்.